ஜிஆர்86-க்குக் குளிர்கால வீலும் டயரும்: நான்கு வளையங்கள் படுத்திய பாடு

புதிதாக டொயோட்டா ஜிஆர்86 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய நண்பர் ஒருவர், குளிர்காலத்துக்கு நான் போட்டிருக்கும் அதே அலாய் வீலை இப்போது விலை குறைத்துத் தருகிறார்கள், எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். "டயரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். வீலைப் பற்றி எழுதி அனுப்புகிறேன்" என்றேன். எழுத உட்கார்ந்தால் விஷயம் ஒரு ஆளுக்கு அனுப்பும் அளவில் நிற்கவில்லை. வீலின் பிராண்டை வேண்டுமென்றே எழுதவில்லை. இதே மாதிரி செய்து விற்பவர்கள் நிறைய பேர்.

காரோடு வந்தது 18 அங்குல வீல், 215/40 ஆர்18 டயர் (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம்). குளிர்காலத்துக்கு நான் எடுத்தது 17 அங்குல அலாய், அதில் 215/45 ஆர்17 மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ. இதே காரின் கீழ்நிலை மாடலுக்கு கம்பெனியே இந்த அளவைத்தான் தருகிறது. அதனால் பிரேக்கில் இடிக்குமோ என்ற கவலை இல்லை. ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றாது. டயரின் வெளிவிட்டம் 18-இல் சுமார் 629 மில்லிமீட்டர், 17-இல் 625. ஒரு சதவீதம்கூட மாறவில்லை.

முதலில் டயர், ஏனென்றால் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

கோடை டயர் பனியில்தான் வழுக்கும், காய்ந்த சாலையில் குளிர் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கி, சாலையின் சொரசொரப்பில் படிந்து பிடிக்கும் குணத்தை இழக்கிறது. கடும் உறைகுளிரில் ஓட்டினால் ரப்பரில் விரிசலே விழலாம் என்று டயர் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. ஸ்போர்ட்ஸ் காரோடு வரும் டயர்களில் இது இன்னும் அதிகம். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்றே இருக்கும். மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். டயர் தரையில் பதியும்போது அவை விரிந்து விளிம்பு விளிம்பாகப் பிடிக்கின்றன. பெரிய பள்ளங்களில் பனி அடைத்துக்கொண்டால் டயர் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பனியை நன்றாகப் பிடிப்பது பனிதான். டயர் கொஞ்சம் பனியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சாலைப் பனியைப் பற்றுகிறது.

வாங்கும்போது பக்கவாட்டில் மூன்று சிகரமும் உள்ளே பனித்துகளும் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். சேறும் பனியும் என்று பொருள்படும் 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் போதாது. அதைத் தயாரிப்பாளரே எந்தச் சோதனையும் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம். சிகர முத்திரைக்குப் பனியில் இழுவைச் சோதனை உண்டு. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் அந்த முத்திரை உள்ள டயர்தான் குளிர்கால டயராகக் கணக்கில் வரும்.

இனி, நான் எதிர்பார்க்காத சந்தோஷம். இந்தக் காரைக் குளிர்காலம் முழுக்க மூடி வைக்க வேண்டியிருக்கும் என்றுதான் பலர் சொன்னார்கள். பின்சக்கர இயக்கம், தரையிலிருந்து சுமார் 13 சென்டிமீட்டர் உயரம், அப்புறம் என்ன எதிர்பார்ப்பது? ஆனால் நல்ல டயர் போட்ட பிறகு, மிதித்து இறுகிய பனியில் இந்தக் கார் ஓட்டும் சுகம் கோடையில்கூடக் கிடைக்கவில்லை. கோடை டயரில் இந்தக் காரின் எல்லையைத் தொட வேண்டுமென்றால் பொதுச்சாலையில் ஓட்டக்கூடாத வேகம் வேண்டும். பனியில் காலியான திறந்தவெளியில் 30, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே காரின் எடை முன்னுக்குப் போவது, பின்பக்கம் மெல்ல விலகுவது, ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் ஒழுங்காகத் திரும்பி வருவது எல்லாம் இடுப்பில் தெரிகிறது. பின் அச்சில் இருக்கும் டோர்சன் டிஃபரன்ஷியல் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் பார்த்துக்கொள்கிறது. எல்லை சட்டென்று வந்து அறையாது. முன்கூட்டியே சொல்லிவிட்டு மெதுவாக வரும். டயரின் பக்கச்சுவர் 86 மில்லிமீட்டரிலிருந்து 97 ஆக உயர்ந்ததால், உறைந்து உருகிப் பெயர்ந்த சாலைக் குழிகளில் விழும்போது வயிற்றைப் பிசையும் அந்த அடியும் குறைந்துவிட்டது.

எல்லாம் தேன் இல்லை. 10, 12 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், டயர் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் காரைத் திருப்பும். மெத்தென்ற ரப்பரின் இயல்பு அது, இந்த டயரின் குறையல்ல. பூஜ்யம் டிகிரியை ஒட்டி, மேலே தண்ணீர்ப் படலம் நிற்கும் பனிக்கட்டியில் எந்த டயரும் தெய்வம் இல்லை. கடுங்குளிரில் காய்ந்திருக்கும் பனிக்கட்டியைவிட அதுதான் ஆபத்து. பனி காரின் வயிற்றைத் தொடும் ஆழத்துக்கு வந்துவிட்டால் டயர் பேச்சே எடுபடாது. இன்னொன்று, பின்சக்கர இயக்கம்தானே என்று பின்னால் இரண்டு மட்டும் மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்குப் பின் டயர் போதும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் முன் டயர் வேண்டும். நான்கும் மாற்ற வேண்டும்.

சரி, வீலுக்கு வருகிறேன்.

நட் துளைகளின் அமைப்பு 5x100 (100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து துளை), அகலம் 7.5 அங்குலம், ஆஃப்செட் 45, அதாவது காரில் பதியும் முகம் வீலின் அகலத்து நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது. காரின் ஒரிஜினல் 48. அதனால் சக்கரம் 3 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது. எங்கும் உரசவில்லை. வார்ப்பு உறுதியானது, ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானிய வீல் தர முத்திரை இருக்கிறது. குழியில் விழுந்தும் விளிம்பு நெளியவில்லை. முழுக்கப் பெயின்ட் அடித்தது என்பதால் உப்பும் இதுவரை எதையும் அரிக்கவில்லை. முகப்பைச் சீவிப் பளபளப்பாக்கிய வீலைக் குளிர்காலத்துக்கு வாங்காதீர்கள். மேல்பூச்சில் ஒரு கல் பட்டாலே போதும், உப்பு உள்ளே புகுந்து புழு ஊர்ந்தாற்போல வெள்ளைக் கோடுகள் கிளம்பும்.

இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள், நடுத்துளையில் செய்த வேலைதான் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

வீல் மாட்டப்படும் அச்சு முனைக்கு ஹப் என்று பெயர். ஜிஆர்86-இல் அதன் நடுவில் துருத்தி நிற்கும் வட்டம் 56.1 மில்லிமீட்டர். ஒரிஜினல் வீலின் நடுத்துளையும் அதே அளவு, அதனால் ஹப்பின் மேல் வந்து கச்சிதமாக உட்காரும். வெளியில் வாங்கும் வீல்களில் ஒரே வார்ப்பைப் பல கார்களுக்கும் விற்பதற்காகத் துளையைப் பெரிதாகவே விடுகிறார்கள். என்னுடையதில் 73.1. சுற்றிலும் எட்டரை மில்லிமீட்டர் வெற்றிடம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஹப் ரிங் என்ற வளையம். காரின் எடையை வளையம் தாங்குவதில்லை. நட்டின் இறுக்கத்தால் ஹப்போடு அழுந்தி நிற்கும் வீலின் உராய்வுதான் அதைத் தாங்குகிறது. ஆனால் நட்டை இறுக்கும் நேரத்தில் வீலைச் சரியான மையத்தில் பிடித்து வைப்பது வளையம்தான்.

விற்றவர்களின் பக்கத்தில் "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று போட்டிருந்தது. பெட்டியில் வீல் இருந்தது, நடுமூடி இருந்தது, ஸ்டிக்கர்கூட இருந்தது. வளையம் இல்லை. மாட்டிய கடையில் கேட்டதற்கு, நட் கூம்பு வடிவம், அதுவே வீலை மையத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்றார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் இறுக்கினால் பெரும்பாலும் மையத்துக்கு வரும். காற்றழுத்தத் துப்பாக்கியை வைத்து ஒவ்வொன்றாகப் படபடவென்று அடித்தால் வராது. அவர்கள் அடித்தார்கள்.

90-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் நடுக்கம். 110-இல் கண்ணாடியில் பின்னால் வரும் காரின் விளக்கு இரண்டாகத் தெரிந்தது. திரும்பப் போனேன். பேலன்சிங் மெஷினில் ஏற்றி, பூஜ்யம் காட்டுகிறது, வீல் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். மறுபடியும் நடுக்கம், மறுபடியும் பூஜ்யம். காரணம் எளிது. மெஷின், கூம்பு ஒன்றை நடுத்துளைக்குள் செருகி அதையே மையமாக வைத்துச் சுழற்றுகிறது. காரிலோ அந்தத் துளை எதன் மேலும் உட்காரவில்லை. மெஷினில் இருக்கும் மையம் வேறு, காரில் இருக்கும் மையம் வேறு. எடையைச் சரிசெய்ய எத்தனை முறை ஈயம் ஒட்டினாலும் அந்த நடுக்கம் போகாது. இதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்ததை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விற்றவர்களிடம் சண்டை போட்டு நான்கு பிளாஸ்டிக் வளையங்கள் வரவழைத்தேன். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. பிறகு வேறொரு மெக்கானிக், வளையத்தின் உள்விளிம்பில் பொடியாக அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டினார்: 73.1-57.1. பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற கார்களிலும் நட் அமைப்பு 5x100தான், அவற்றின் ஹப் 57.1. அந்த வளையத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் சக்கரம் அரை மில்லிமீட்டர் வரை மையம் விலகி உட்கார அது போதும்.

அடுத்தது நானே தேடி வாங்கிய 56.1 அலுமினிய வளையம். அன்றைக்கு 120-இல் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஓட்டினேன், அவ்வளவு அமைதி. அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே இருந்தது. வசந்தத்தில் கழற்றும்போது முன்பக்க வளையம் இரண்டும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்துவிட்டன. இரும்பு ஹப், அலுமினிய வளையம், நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு உலோகம் உப்பில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு தன் வேலையைச் செய்யும். ஊடுருவும் எண்ணெய் விட்டு, உளியால் பிளந்து எடுத்து, ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து முடிக்க ஒரு முழு மதியம் போயிற்று.

இப்போது இருப்பது 56.1 பிளாஸ்டிக். ரேஸ் டிராக்கில் பிரேக் சூடேறி பிளாஸ்டிக் உருகலாம், குளிர்கால ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. துருவும் ஏறாது. ஒவ்வொரு முறை வீலைக் கழற்றும்போதும் எடுத்துப் பார்த்து, கீறல் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுகிறேன். ஹப்பில் வளையம் உட்காரும் விளிம்பில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ். நட் மரையில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. பட்டால் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் அதே 120 நியூட்டன் மீட்டர் காட்டும்போது உள்ளே மரை அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். மாட்டி 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை இறுக்கம் பார்ப்பதையும் விடுவதில்லை.

எல்லா நடுக்கமும் வளையத்தால் வருவதில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். வீலின் உட்புறத்தில் சேறும் பனியும் ஒரு பக்கமாக அடைந்து இரவில் உறைந்துவிட்டால், மறுநாள் காலை 60-இலேயே கார் உதறும். குச்சியால் தட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கரம், இருக்கை நடுங்கினால் பின் சக்கரம். இரண்டாவது செட்டுக்குக் காற்றழுத்த சென்சர் தனியாக வாங்கி, அதன் எண்ணைக் காரில் பதிய வேண்டும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும். அதனால் உறைகுளிர் காலையில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பஞ்சர் என்று ஓடாமல் முதலில் அளந்து பாருங்கள்.

ஆக, டயருக்கு முழு மதிப்பெண். வீலும் உறுதி, பார்க்க அழகு, சரியான வளையத்தோடு குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வாங்காதீர்கள். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். இந்தக் காரின் கீழ்நிலை மாடலில் வரும் அந்த 17 அங்குல ஒரிஜினல் வீலை, பெரிய வீலுக்கு மாறியவர்கள் கழற்றி விற்கிறார்கள். அதைத் தேடுங்கள். அழகில் ஒரு படி கீழேதான். ஆனால் நடுத்துளை 56.1, வளையம் என்ற பேச்சே இல்லை. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள், வீல் வந்ததும் வளையத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் டயர் ஏற்றக் கொடுங்கள். டயர் ஏறிவிட்டால் எவரும் திருப்பி எடுப்பதில்லை. நானும் அந்த ஒரிஜினல் வீலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நான்கு கிடைத்தால் இதே டயர்களை அதற்கு மாற்றிவிட்டு, இந்த வீல்களைச் சரியான வளையத்தோடு சேர்த்தே விற்றுவிடுவேன்.