எத்தனை மிச்சம் இருக்கின்றன? பிசிஜிஎஸ் காயின்ஃபேக்ட்ஸ் பற்றி ஒரு மார்கன் பித்தன்

பழைய காசு சேர்க்கிறவர்களுக்கு இரண்டு எண்கள் முக்கியம். எத்தனை அடித்தார்கள் என்பது ஒன்று, அதில் எத்தனை இன்னும் இருக்கின்றன என்பது இன்னொன்று. முதல் எண் நாணயச்சாலைக் கணக்கில் கிடைத்துவிடும். இரண்டாவதை யாரும் எண்ணி வைக்கவில்லை, ஊகிக்கத்தான் வேண்டும். அமெரிக்க நாணயங்களுக்கு அந்த ஊகத்தைப் போட்டு, கட்டணம் எதுவும் கேட்காமல் ஒரே இடத்தில் தருகிறது, காசுகளைப் பார்த்துத் தரம் போட்டுக் கொடுக்கும் பிசிஜிஎஸ் நிறுவனத்தின் காயின்ஃபேக்ட்ஸ். வலைத்தளமாகவும் இருக்கிறது, கைப்பேசிச் செயலியாகவும் இருக்கிறது. நான் மார்கன் வெள்ளி டாலர் (வடிவமைத்தவர் பெயரில் வழங்கும் பழைய அமெரிக்கக் காசு) பித்துப் பிடித்தவன். ஏலப் பட்டியல் எது கைக்கு வந்தாலும் பக்கத்தில் இதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் புரட்டுவேன்.

அமைப்பு எளிது. ஆண்டையும் எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்பதையும் தேர்ந்தெடுத்தால் பெரிய படம், எடை, வடிவமைத்தவர் பெயர், அடித்த எண்ணிக்கை, ஏலத்தில் போன விலைகள் எல்லாம் வந்துவிடும். நான் தேடிப் போவது மிச்ச மதிப்பீட்டை. அதில் மூன்று எண்கள் இருக்கும்: எல்லாத் தரமும் சேர்த்து எத்தனை, 60-ம் அதற்கு மேலும் எத்தனை, 65-ம் அதற்கு மேலும் எத்தனை. 60 என்றால் புழக்கத்துக்கே போகாத காசு, 70 உச்சம். வில்லியம் ஷெல்டன் 1949-ல் பழைய செப்புச் சென்ட்டுகளுக்காகப் போட்ட அளவுகோல் இது, இப்போது எல்லாக் காசுக்கும் ஆகிவிட்டது. கூடவே ‘ஆர்’ என்ற எழுத்தோடு, தசமப் புள்ளி வைத்து, காசு எவ்வளவு அரிது என்று காட்டும் ஓர் எண்ணும் வரும். அதை நான் கண்டுகொள்வதில்லை. ஊகத்திலிருந்து பிறந்த குறியீட்டுக்குத் தசமப் புள்ளி கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்.

மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார்களே, அதுதான் பெரிய பலம். 1884-ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த மார்கனைப் பாருங்கள். 32 லட்சம் அடித்தார்கள். தேய்ந்தது போதும் என்றால் இன்றும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அந்த ஆண்டுக் காசுகள் பெரும்பாலும் நேராகப் புழக்கத்துக்குப் போய்விட்டன, பெட்டகத்து மூட்டையிலேயே தூங்கியவை மிகவும் குறைவு. அதனால் 65 தரத்தில் தேடினால் பெரிய சேகரிப்பாளர்களே திண்டாடுகிறார்கள். 1901-ல் பிலடெல்பியாவில் அடித்ததும் இதே கதைதான். அது கிட்டத்தட்ட 70 லட்சம்! ‘அரிய காசு சார்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் வியாபாரியிடம், ‘எந்தத் தரத்தில் அரிது?’ என்று திருப்பிக் கேட்க இந்த மூன்று எண்கள் பழக்கிவிடுகின்றன.

அடித்த எண்ணிக்கையை மட்டும் நம்பினால் மார்கனில் கரை சேர முடியாது. 1918-ல் வந்த பிட்மன் சட்டத்தின் கீழ் 27,02,32,722 வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். எந்த ஆண்டுக் காசு எத்தனை உலைக்குப் போனது என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. உருக்கியதற்கு ஈடாக மறுபடி அடிக்க வேண்டி வந்ததால்தான் 1921 மார்கன் பிலடெல்பியாவில் மட்டும் 4 கோடியே 46 லட்சத்தைத் தாண்டியது. (யாரிடம் மார்கன் இருந்தாலும் முதலில் அது 1921 ஆகத்தான் இருக்கும். என்னிடமும் அதுதான் முதலில் வந்தது.) 1895 பிலடெல்பியா இன்னும் வேடிக்கை. புழக்கத்துக்காக 12,000 அடித்ததாக நாணயச்சாலைக் கணக்கு சொல்கிறது, ஆனால் அதில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை. சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடித்த 880 புரூஃப் காசுகளிலிருந்து தப்பியவைதான் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சரி, மிச்ச எண்ணை எப்படிப் போடுகிறார்கள்? அதை அவர்களே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். ஒருவரோ சிலரோ நிபுணர்கள் சொல்வதன் சராசரி. தரமிடப்பட்ட காசுகளின் எண்ணிக்கை, ஏலத்துக்கு வந்த தடவைகள், நிபுணர்களின் சொந்த அனுபவம் ஆகியவற்றிலிருந்து வருவது. தரமிட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காத காசுகளையும் மற்ற நிறுவனங்கள் தரமிட்டவற்றையும் சேர்த்துத்தான் கணக்கு. அதாவது இது அனுபவசாலிகளின் கணிப்பு. எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல.

அதே பக்கத்தில் இருக்கும் ‘பாப்புலேஷன்’ எண்ணை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பிசிஜிஎஸ் தரமிட்ட தடவைகளின் எண்ணிக்கை. ஒருவர் 64 போட்டு வந்த காசின் பிளாஸ்டிக் உறையை உடைத்து, 65 கிடைக்குமா என்று மறுபடி அனுப்புவார். கிடைக்கவில்லை என்றால் இன்னொரு தடவையும் அனுப்புவார். உறையில் இருந்த பழைய தரச் சீட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒரே காசு மூன்று காசாகப் பதிவில் நிற்கும். 64-க்கும் 65-க்கும் விலை எங்கே தாவுகிறதோ அங்கேதான் இந்தப் பெருக்கம் அதிகம். சாதாரணக் காசுக்கு நேர்மாறு. தரமிடும் கட்டணம் காசின் விலையை விட அதிகம் என்றால் யார் அனுப்பப் போகிறார்கள்? 1921 மார்கன்கள் பெட்டி பெட்டியாக உறையில்லாமல் கிடக்கின்றன. ஆக, விலை உயர்ந்த காசுக்குப் பாப்புலேஷன் நிஜத்தைவிடக் கூடுதலாகவும் மலிவான காசுக்கு மிக மிகக் குறைவாகவும் காட்டும். மிச்ச மதிப்பீடு இந்த இரண்டு கோணலையும் நேர்செய்யப் பார்க்கிறது. அதனால்தான் ஊகம் என்று தெரிந்தும் அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன்.

எண்ணிக்கை சிறியதாக இருந்தால் ஊகம் கிட்டத்தட்ட உண்மையாகவே ஆகிவிடும். 1822-ன் ஐந்து டாலர் தங்கக் காசு 17,796 அடித்தது, இருப்பது மூன்றே மூன்று. முக மதிப்பைவிடத் தங்கத்தின் மதிப்பு ஏறிவிட்டதால் பெரும்பாலானவை உருகிப் போயின. மூன்றில் இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, தனியார் கைக்கு ஒன்றுதான். 1894 சான் பிரான்சிஸ்கோ டைம் (பத்து சென்ட் காசு) 24 அடித்தது, உறுதியாகத் தெரிந்தவை 9. இங்கே ஒவ்வொரு காசுக்கும் யாரிடமிருந்து யாரிடம் போனது என்று வம்சாவளியே உண்டு. நன்றாகத் தேய்ந்த ஒன்றை, நாணயச்சாலை அதிகாரியின் மகள் ஐஸ்கிரீம் வாங்கிச் செலவழித்த காசு என்பார்கள். கதைதான், ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

ஆயிரங்களில் வரும் எண்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் 1903-ல் அடித்த மார்கன், புதுக் கருக்கோடு கிடைப்பது மிகவும் அரிது என்று பல காலம் நம்பினார்கள். 1962-ல் அரசுப் பெட்டகத்திலிருந்து ஆயிரம் ஆயிரமாகக் கட்டிய மூட்டைகள் வெளியே வந்தன, விலை தடதடவென்று சரிந்தது. அன்று இந்தச் செயலி இருந்திருந்தால் எல்லா நிபுணர்களின் சராசரியும் ஒரே ராத்திரியில் குப்பைக்குப் போயிருக்கும். பதுங்கிக் கிடப்பதை எந்த நிபுணராலும் சராசரி எடுக்க முடியாதே!

படங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். நியூ ஆர்லியன்ஸ் மார்கன் பலவற்றில், முகப்பில் இருக்கும் லிபர்ட்டி என்ற பெண்ணின் காதுக்கு மேலே இருக்கும் முடி மழமழவென்று இருக்கும். தேய்மானம் என்று நினைத்து ஒதுக்கிவிடத் தோன்றும். பெரிதாக்கிப் பாருங்கள்: கன்னத்தில் உலோகத்தின் மினுமினுப்பு அப்படியே ஓடும், முடி மட்டும் தட்டையாக இருக்கும். அச்சு அழுந்தாமல் விழுந்த காசு அது, தேய்ந்ததல்ல. ஒரே ஆண்டின் பல தரப் படங்களை இப்படி அடுத்தடுத்துப் பார்க்கப் பழகினால் 60-க்கு மேலே, கீழே என்று பிரித்துப் போட்ட கணக்கும் கண்ணுக்குப் பிடிபடும்.

என் குறை ஒன்றுதான். ஒரு காசுக்கு ஒற்றை எண் போதாது. 2,000 என்று போடுவதற்குப் பதில் 1,500 முதல் 3,000 வரை என்றால் படிப்பவருக்கு நிச்சயம் எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்று புரியும். எந்த ஆண்டு போட்ட மதிப்பீடு என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். அமெரிக்கக் காசு சேர்க்கிற யாரும் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். மற்ற நாட்டுக் காசு மட்டும் சேர்க்கிறவர்களுக்கு இதில் வேலையில்லை.