ஒப்பந்தத்தின் 7-வது பாயின்ட்: குடும்ப நாவல் எழுதும் தோழிகளுக்கு

போன ஆடியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போனில் ஆடியோ நாவல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "ஏலம் முடிந்து மஞ்சள் மண்டி காலியான பிறகுதான் ஸ்ரீநிதிக்கு அழுகை வந்தது" என்றது ஒரு பெண் குரல். 'அழுகை'யை 'அலுகை' என்று வாசித்தது.

அது நான் எழுதிய வரி.

"நல்லா இருக்குது கண்ணு, நீயும் கேளு. ஞாயித்துக்கெழமைக்கு ஒண்ணு போடறாங்க, இது இருபத்திமூணாவது" என்றார் சித்தி. எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் கதை எழுதுவது என் கணவரைத் தவிர குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. எல்லாம் புனைபெயரில்தான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே?

நடந்தது இதுதான். 2021 ஊரடங்கில் எழுத ஆரம்பித்தேன். வாரம் மூன்று யூடி, அதாவது அப்டேட், மொத்தம் 48 எபிசோடு. "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று கேட்கவும் ஆள் சேர்ந்தார்கள். முடிந்ததும் அமேசான் கிண்டிலில் மின்நூலாகப் போட்டேன். மாதம் இரண்டாயிரத்தை ஒட்டி வந்தது. என் சொந்தச் சம்பாத்தியம் என்று அதைத் தனிக் கணக்கில் வைத்திருந்தேன். 2022 ஜூனில் ஒரு பதிப்பாளர் இன்பாக்ஸுக்கு வந்தார். "சிஸ்டர், உங்க நாவலைப் புத்தகமா கொண்டு வரலாமா? கூட்டு வெளியீடு, நூறு பிரதி." கூட்டு வெளியீடு என்றால் செலவு முழுக்க நம்முடையது என்று பிறகுதான் புரிந்தது.

மொத்தம் 24,500 ரூபாய். பில்லில் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு 2,500, 'காப்புரிமை' பதிவுக்கு 4,000, மீதி அச்சுக்கும் அட்டைக்கும். காப்புரிமை என்பது பேட்டன்ட். நமக்கு உள்ளது பதிப்புரிமை. அந்தச் சொல்லைப் பார்த்தபோதே உஷாராகியிருக்க வேண்டும். ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமைக்கு எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எழுதிய நிமிடமே அது நம்முடையது. பதிவு செய்ய நினைத்தாலும் அரசுக் கட்டணம் ஒரு நூலுக்கு 500 ரூபாய்தான்.

புத்தகம் வந்தது. நூறுக்கு அறுபது பிரதிதான். அட்டையில் யாரோ ஒரு கொரிய நடிகர். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரனுக்கு அந்த முகம்! அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். யூனிகோடிலிருந்து அச்சு எழுத்துருவுக்கு மாற்றியதில் 'ஸ்ரீ' வந்த இடமெல்லாம் கட்டமாகிவிட்டது. என் நாயகி 312 பக்கமும் 'கட்டம்'நிதி. மெய்ப்பு பார்க்க எனக்கு அனுப்பவே இல்லை. கேட்டதற்கு, "ரீடர்ஸ் புரிஞ்சுக்குவாங்க மேடம்" என்றார்கள்.

அடுத்து, கிண்டிலில் நூல் வெளியிட உதவும் அமேசானின் கேடிபியிலிருந்து, மின்நூல் வேறிடத்திலும் இருக்கிறது என்று மெயில். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் வர, கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்திருந்தேன். அதில் இருக்கும்வரை மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. 90 நாள் கணக்கு, நாம் நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை என்ற தைரியத்தில் இருந்தேன். பதிப்பாளரோ என்னைக் கேட்காமல் மின்நூலை வேறொரு செயலியில் ஏற்றியிருந்தார். கணக்கே முடங்கிவிடுமோ என்ற பயத்தில் கிண்டிலிலிருந்து நாவலை நானே எடுத்தேன். அந்த இரண்டாயிரமும் நின்றது. டெலிகிராமில் பிடிஎஃப் போடும் திருடர்களைத் திட்டித் திட்டிப் பதிவு போட்ட நான்தான், முழு நாவலையும் வேர்டு ஃபைலாகக் கையில் கொடுத்திருந்தேன்.

சித்தி வீட்டிலிருந்து வந்த அன்றே பதிப்பாளருக்குப் போன் போட்டேன். "அக்ரிமென்ட்ல ஏழாவது பாயின்ட் பாருங்க மேடம்" என்றார். நான்கு பக்க ஒப்பந்தம். அடுப்பில் தோசைக்கல் காய, வாசலில் கூரியர்காரர் காத்திருக்க, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. 7-வதில் 'அச்சு, மின், ஒலி, ஒளி உள்ளிட்ட அனைத்து வடிவ உரிமைகளும்' என்று இருந்தது. ராயல்டி பற்றி ஒரே வரி: முதல் 500 பிரதி விற்ற பிறகு 10 சதவீதம். அச்சடித்ததே நூறு! ஆடியோ உரிமையை அவர் ஒரு யூடியூப் சேனலுக்கு விற்றுவிட்டார். எவ்வளவுக்கு என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

சட்டப்படி போவேன் என்றேன். குரல் அப்படியே குழைந்தது. "போகலாம் மேடம். ஆனா சொந்தப் பேர்ல போகணுமே, வீட்ல பரவாயில்லையா?"

தோழிகளே, அந்த ஆள் விலைக்கு வாங்கியது என் கதையை இல்லை, என் ஒளிவுமறைவை. யூடியூபில் பதிப்புரிமைப் புகார் கொடுக்க உண்மையான முழுப் பெயர் வேண்டும். அது எதிர்த்தரப்புக்கும் போகும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் வக்கீலாக இருக்கும் பள்ளித் தோழியிடம் காகிதத்தைக் கொடுத்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டம், 19-வது பிரிவைப் பிரித்துக் காட்டினாள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள், என்ன ராயல்டி என்பதெல்லாம் அதில் வர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். என் ஒப்பந்தத்தில் காலமே இல்லை, ஆக 2027 ஜூனில் எல்லாம் எனக்கே திரும்பும். ஆடியோவுக்குப் பணம் பற்றிப் பேச்சே இல்லாததால் அதை இப்போதே எதிர்க்கலாம் என்றாள். நோட்டீஸ் செலவு 3,000.

அதற்கு முன் மாமியாரிடம் சொன்னேன். "இதுக்கா ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனை நோண்டினே?" என்று கேட்டுவிட்டு சீரியலுக்குத் திரும்பிவிட்டார். இதற்கா மூன்று வருடம் பயந்தேன்!

சொந்தப் பெயரில் நோட்டீஸும் புகாரும் போயின. புரட்டாசி முடிவதற்குள் சேனல்காரர்கள் மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். பதிப்பாளருடன் இன்னும் இழுபறி, நாற்பது பிரதியும் வரவில்லை, பணமும் வரவில்லை. இன்பாக்ஸில் 'கூட்டு வெளியீடு' என்று யாராவது வந்தால், ஒப்பந்தத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள். 7-வது பாயின்ட் எந்த எண்ணில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

சித்திதான் கோபமாக இருக்கிறார். ஞாயிறு தவறாமல் போன் வருகிறது. "முப்பத்திரெண்டோட நிறுத்திப்போட்டயே கண்ணு, மீதியை நீயே வந்து படிச்சுக் காட்டு."