அப்பத்தாவுக்கு முதல் தேய்க்கிற போன்: ரெண்டு கடை, மூணு மாசம்

பட்டன் போன் செத்துப் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, அப்பத்தா அதற்கு ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு இன்னும் பத்து நாள் ஓட்டியிருக்கிறார், எனக்குத் தெரிந்திருந்தால் அன்றே பிடுங்கியிருப்பேன் (உப்பின பேட்டரியை யாரும் அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், தீப்பிடிக்கும்). வயது 74. பள்ளத்தூரில் பழைய வீட்டில் இருக்கிறார், பகலில் துணைக்கு ஒரு அம்மா வருவார். இன்னொரு பட்டன் போனே வாங்கித் தந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் கொள்ளுப்பேத்தியை எல்லோரும் வீடியோவில் பார்க்கிறார்கள், தனக்கு மட்டும் யாராவது வீட்டுக்கு வந்தால்தான் பார்க்க முடிகிறது என்று மனசுக்குள் இருந்திருக்கும்போல. "எனக்கும் தேய்க்கிற போனு ஒண்ணு வாங்கிக் குடுத்துருப்பா" என்று அவரே கேட்டார்.

அந்தப் போனைப் பற்றி, அதை விற்ற கடையைப் பற்றி, அப்புறம் அதைச் சரி பண்ணிக் கொடுத்த இன்னொரு கடையைப் பற்றி எழுதுகிறேன். போன் கம்பெனி, விற்ற கடை இரண்டின் பெயரையும் போடவில்லை. ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு எங்கே எதை வாங்கினாலும் கதை ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். சரி பண்ணிக் கொடுத்தவரோ கடைக்குப் பெயர்ப் பலகையே வைத்திருக்கவில்லை, வெயிலில் வெளிறிய ரீசார்ஜ் தட்டி ஒன்றுதான் தொங்குகிறது.

முதல் கடை காரைக்குடியில் ஏசி போட்ட பெரிய கடை. அப்பத்தாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கூல்ட்ரிங்ஸ் கொடுத்தார்கள், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போனை எடுத்து என்னிடம்தான் காட்டினார்கள். கேமரா இத்தனை மெகாபிக்சல், சார்ஜ் இவ்வளவு வேகமாக ஏறும், எவ்வளவு நேரம் கேம் ஆடினாலும் சூடாகாது என்று அந்தப் பையன் சொல்லச் சொல்ல நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கேம் ஆடப்போவது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. பில் போடும்போதுதான் அப்பத்தா கையில் போன் போனது. "கனமா இருக்கேப்பா" என்றார், அவ்வளவுதான். கிட்டத்தட்ட 200 கிராம். பழைய பட்டன் போன் அதில் பாதிகூட இருக்காது.

மேலே டெம்பர்டு கிளாஸ் 399, பின்கவர் 299, 'செட்டிங் சார்ஜ்' என்று ஒரு 200. அந்த 200 ரூபாய்க்கு என்ன செய்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்தே நிமிடத்தில் எல்லாக் கேள்விக்கும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டி, ஏதோ ஒரு பெயரில் புது ஜிமெயில் ஒன்றை உண்டாக்கி, அதன் மீட்பு எண்ணாகக் கடைப் பையனின் நம்பரையே கொடுத்து முடித்துவிட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு என்னவென்று எங்களுக்கும் தெரியாது, ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அந்தப் பையனுக்கும் தெரியவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. அப்பத்தா சேர்க்கிற நம்பர் எல்லாம் அந்தக் கணக்கில் போய்த்தான் உட்காரும். நாளைக்கே திரைப்பூட்டு மறந்துபோய்ப் பட்டன்களை அமுக்கி ரீசெட் அடித்தால், ஆண்ட்ராய்டு போன் முன்பு இருந்த பூட்டை, இல்லாவிட்டால் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நின்றுவிடும், இரண்டும் தெரியாதவருக்குத் திறக்காது. திருடனுக்காக வைத்த பூட்டு, இங்கே மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்.

சிம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய போனில் இருந்தது பெரிய சைஸ் சிம், இதற்கு நானோ வேண்டும். ஆதாரைக் கொண்டுபோய்க் காட்டி மாற்றினோம். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு. அதை ஒருவரும் சொல்லாததால் அன்று ராத்திரி வாட்ஸ்அப்புக்கு ஓடிபி வரும் வரும் என்று பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். சிம் இன்று, வாட்ஸ்அப் நாளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுக் கதை. முதல் வாரம் ஒரே ரகளை.

பூட்டுத் திரையில் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் படம், கீழே ஒரு செய்தி, தொட்டால் எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மலிவு போன்கள் பலவற்றில் விளம்பரத்துக்காகவே இதை வைத்துத் தருகிறார்கள். அப்பத்தாவோ யாரோ தெரிந்தவர்கள் அனுப்புகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். "யாருப்பா இந்தப் பொண்ணு, தெனம் ஒரு சேலை கட்டிக்கிட்டு வந்து நிக்கிது?" என்று கேட்டபோது சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. பட்டனை அழுத்திப் பழகிய கை, திரையையும் அழுத்தும். அழுத்திப் பிடித்தால் ஐகான் கிளம்பிக் கையோடு வந்துவிடும், விட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாம் நாள் போன் பேசுகிற ஐகானையே காணோம், தேடிப் பார்த்தால் இரண்டாவது பக்கத்தில் ஒரு டப்பாவுக்குள் கிடக்கிறது. அழைப்பு வந்தால் ஒரு நேரம் மேலே தேய்க்கச் சொல்கிறது, திரை ஏற்கெனவே திறந்திருந்தால் தொட்டால் போதும் என்கிறது.

வயதானவர்களுக்கு ஸ்மார்ட்போன் ஏன் கஷ்டம் என்றால் எழுத்து சின்னது, கண் தெரியாது, பயம் என்று சொல்வார்கள். அப்பத்தாவுக்குக் கண்ணும் தெரியும், பயமும் கிடையாது. அவருக்கு ஒத்துவராதது ஒன்றுதான்: வைத்தது வைத்த இடத்தில் இல்லை. பட்டன் போனில் 2-ஐ அமுக்கிப் பிடித்தால் பெரியப்பா, 3 என்றால் எங்கள் அப்பா, எட்டு வருஷமாக அது மாறவே இல்லை. வீட்டின் இரண்டாம் கட்டு (உள் பகுதி) அறையில் அண்டாவும் குண்டானும் அடுக்கியிருக்கிற வரிசை அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், கரண்ட் போன நேரத்தில் உள்ளே போய் இடியாப்ப உரலைச் சரியாக எடுத்துக்கொண்டு வருவார். அவர் கையில் போய்த் தினம் ஒரு மாதிரி அடுக்கிக்கொள்ளும் சாமானைக் கொடுத்தால்?

சந்தைக்குப் போன ஒரு திங்கட்கிழமை அப்பத்தாவையும் காரில் ஏற்றிக்கொண்டு காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் இருக்கும் அந்தச் சின்னக் கடைக்குப் போனேன். ஆறடிக்கு எட்டடி இருக்கும். கடைக்காரர் "உக்காருங்க ஆச்சி" என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு, போனை வாங்கிப் பார்க்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்து, "வீட்டுல போடுறமாதிரி உங்க மகனுக்கு ஒரு போன் போடுங்க, நான் தொடமாட்டேன்" என்றார். ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் ஒருவரும் அதைச் செய்திருக்கவில்லை, அப்பத்தா தடுமாறினால் வெடுக்கென்று பிடுங்கி நாங்களே போட்டுக் கொடுத்துவிடுவோம்.

பார்த்துவிட்டு முதல் வேலையாக அந்த 399 ரூபாய் கிளாஸை உரித்துப் போட்டார். அப்பத்தா ஓய்ந்த நேரத்தில் ஓலைக் கொட்டான் (கூடை) முடைவார், விரல் நுனி எல்லாம் காய்த்துப் போயிருக்கும். நம் தோல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் திரை விரலை உணர்கிறது, காய்ந்த தடித்த தோலுக்கு அது மந்தம், நடுவே கனமான கிளாஸும் இருந்தால் கேட்கவே வேண்டாம். தொட்டும் கேட்காததால்தான் இவர் இன்னும் அழுத்தியிருக்கிறார், அழுத்த அழுத்த ஐகான் நகர்ந்திருக்கிறது. "ஈரத்துணியில வெரலைத் தொடச்சுக்கிட்டுத் தொடுங்க ஆச்சி, பாலாடை கிழியாமத் தொடுறமாதிரி" என்றார். ஓலை நனைக்க ஈரத்துணி எப்படியும் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கைரேகை மட்டும் இன்றுவரை எடுக்கவே இல்லை, அதை விட்டுவிட்டோம்.

அடுத்து அந்த அநாமதேய ஜிமெயிலைக் கழற்றி, அப்பத்தா பெயரில் அவர் நம்பரையே வைத்து ஒன்று போட்டு, பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, "பாஸ்புக்குக்குள்ள வைங்க" என்றார். பூட்டுத் திரைப் படங்களை நிறுத்தினார். அணுகல்தன்மை என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை அதிகமாக்கினார். முகப்புத் திரை அமைப்பில் ஐகான்கள் நகராமல் பூட்டுகிற வசதி உண்டாம். மூன்று வருஷமாக அதே கம்பெனி போன் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. திரையை ஓரத்தில் இருந்து தேய்த்துப் பின்னால் போகும் முறையை எடுத்துவிட்டுக் கீழே மூன்று பொத்தான் வருகிறமாதிரி வைத்தார். முதல் பக்கத்தில் ஆறே ஆறு முகம், தொட்டால் நேராகக் கால் போய்விடும், விட்ஜெட்டில் டைரக்ட் டயல் என்று இருக்கும். கீழ் வரிசையில் வாட்ஸ்அப், கேமரா, டார்ச். மற்றது எல்லாம் உள்ளே.

நடுவில் இருக்கும் வட்டப் பொத்தானைக் காட்டி, "எங்க தொலைஞ்சு போனாலும் இதைத் தொட்டா முகப்புக்கு வந்துருவீங்க ஆச்சி" என்றார். அப்பத்தா முகத்தைப் பார்க்க வேண்டுமே. செட்டிநாட்டு வீட்டின் முன்பகுதிக்கே முகப்பு என்றுதான் பெயர், அது தெரியாதா அவருக்கு? வீட்டில் எந்தக் கட்டுக்குள் நின்றாலும் முகப்புக்கு வர வழி தெரிந்தவர். நாங்கள் ஒரு வாரமாக 'ஹோம் ஸ்க்ரீன்' என்று கத்திக்கொண்டிருந்தோம்.

பூட்டுக்கு ஒன்பது புள்ளி பேட்டர்ன். நாலு எண்ணை ஞாபகம் வைக்கச் சொன்னால் முகம் சுளித்தவர், புள்ளியைப் பார்த்ததும் "கோலந்தானே" என்று ஒரே இழுப்பில் போட்டார். எண்ணெய்க் கையோடு போட்டால் திரையில் தடம் அப்படியே தெரியும் என்பது மட்டும் குறை, அப்பப்போ துடைக்கச் சொல்லியிருக்கிறோம்.

ஒன்றே கால் மணி நேரம், 150 ரூபாய். குறை சொல்ல வேண்டும் என்றால், போன் மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் கடைக்காரருக்கே எந்த மெனு எங்கே என்று தெரியவில்லை, இங்கிலீஷுக்குப் போய் எண்ணிப் பார்த்துத் திரும்பினார். அது அவர் குற்றமும் இல்லை. தமிழில் நீளமான சொல்லாகப் போட்டுவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கினால் பாதியில் வெட்டிப் புள்ளி வைத்துவிடுகிறார்கள். அப்பத்தா தமிழ் வார இதழை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர், அவருக்கே "அறிவிப்பு..." என்று நின்றால் கோபம் வருகிறது.

போன் எப்படி என்றால், சுமார்தான். பேட்டரி அவர் உபயோகத்துக்கு இரண்டு நாள் வரும், ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பழகியவருக்கு அதுவே அநியாயமாகப் படுகிறது. ஸ்பீக்கர் சத்தம் நன்றாக இருக்கிறது. பவர் பட்டனைப் பிடித்தால் அணையாமல் அசிஸ்டென்ட் வந்து பேசியது, "யாரும்மா நீ?" என்று இவரும் பேசியிருக்கிறார், அதையும் அமைப்புகளில் மாற்றினோம். தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி எனக்கு நன்றாகவே வேலை செய்யும், இவர் "கொட்டான் ரெண்டு முடிஞ்சுருச்சு" என்றால் "கொட்டாய்" என்று போடுகிறது. விட்டுத்தள்ளிவிட்டு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுக்கு மாறிவிட்டார். மைக்கைப் பிடித்து மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்துவிட்டு ஆற அமரப் பேசலாம். நாலு நிமிடம், ஐந்து நிமிடம் என்று வருகிறது இப்போது.

சிக்னல் சரியாகக் கிடைக்காதது போனின் தப்பு இல்லை, வீட்டின் தப்பு. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், வளவில் (நடு முற்றத்தில்) வானம் தெரிகிற இடத்தில் நின்றால் நாலு கோடு, பக்கத்து அறைக்குள் ஓரடி வைத்தால் ஒன்றும் இல்லை. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போன் அமைப்பில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள், சிக்னல் இல்லாத அறையிலும் சாதாரண கால் வைஃபை வழியாகவே வந்துவிடும், தனிக் காசு இல்லை. செட்டிநாட்டு வீட்டுக்கு போன் வாங்குகிறவர்கள் கேமராவைக் கேட்பதற்கு முன்னால் இது இருக்கிறதா என்று கேளுங்கள்.

யுபிஐ போடவில்லை, அவரே வேண்டாம் என்றார். ஆனாலும் ஆபத்து வேறு வழியில் வரும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (போனில் செயலியை ஏற்றுகிற கோப்பு) அனுப்புகிறார்கள், திறந்து நிறுவினால் ஓடிபி உட்பட எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். எங்கள் பக்கம் பத்திரிகை என்றால் யோசிக்காமல் திறப்பார்கள், அதனால் இதை மட்டும் மூன்று தடவை சொன்னேன். "நேர்ல வந்து வைக்காத பத்திரிகைய நான் எதுக்குப் பிரிக்கணும்?" என்றார். பணம் போய்விட்டால் கூப்பிட வேண்டிய சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ ஏழாவது முகமாக, படம் இல்லாமல், முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

போனுக்கு ஐந்தில் மூன்று, ஏசி கடைக்கு ஒன்று, அதுவும் கூல்ட்ரிங்ஸுக்காக. கல்லுக்கட்டிக் கடைக்கு ஐந்து. ஆனால் மதியம் ஒன்றரைக்குப் பூட்டினால் நாலரைக்குத்தான் திறக்கிறார், கூட்டமான நேரத்தில் போனால் இந்தப் பொறுமை கிடைக்காது, காலை பத்து மணிக்குப் போங்கள். போனை வைத்திருக்கப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரே "ஆள் எங்க?" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். என் சித்தப்பாவை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.