₹14,300 போச்சு: வீடு தேடி வந்து கத்தி தீட்டித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

“உங்கள் புகார் வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது” என்று நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது. பணம் வரவில்லை, கத்திக்குப் பதில் கத்தி வரவில்லை, வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட இல்லை. ஆனால் புகார் முடிந்துவிட்டதாம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘தொலையட்டும் போ’ என்று நாமே விட்டுவிடுவோம். இவர்கள் பிழைப்பு ஓடுவதே அதில்தான்.

பெயர் போடவில்லை. போட்டால் இந்தப் பதிவையே தூக்கவைத்துவிடுவார்கள். போனில் நேரம் குறித்தால் ஆள் வந்து சமையலறைக் கத்திகளை எடுத்துப்போய், கூர்தீட்டி, திரும்பக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் ஒரு ஆப். ஊர் சென்னை. நான் இழந்தது: ஒரு வருடப் ‘பராமரிப்புத் திட்டம்’ ₹4,800, அவர்கள் கெடுத்த ஜப்பான் கத்தி ₹9,500. ஆக ₹14,300. கூடப் போன மற்ற இரண்டு கத்திகளின் சேதத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கத்தியை வீட்டிலேயே எப்படிக் கவனித்துக்கொள்வது என்றும் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன், அதற்காகவாவது முழுக்கப் படியுங்கள்.

நான் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு செய்து கொடுக்கிறேன். தினமும் கிலோ கணக்கில் வெங்காயம், தக்காளி, பீன்ஸ் நறுக்க வேண்டும். கத்தி எனக்கு அலங்காரப் பொருள் இல்லை. கெட்டுப்போனது ஒரு சாண்டோகு, எல்லா நறுக்கு வேலைக்கும் ஆகும் ஜப்பான் சமையல் கத்தி. தம்பி டோக்கியோவில் இருந்தபோது கப்பாபாஷியில் (அந்தப் பக்கம் தெரு முழுக்கச் சமையல் சாமான் கடைகள்தான்) பார்த்துப் பார்த்து வாங்கிவந்தது. நடுவில் விஜி-10 என்ற ஜப்பான் ஸ்டெயின்லெஸ் எஃகு, இரண்டு பக்கமும் அலையலையாகக் கோடு ஓடும் மேல்தகடு. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் இது 60-ஐத் தொடும். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்திகள் பெரும்பாலும் 52 முதல் 56-க்குள் நின்றுவிடும். கடினம் கூடினால் கூர் மெல்லிசாக நிற்கும், ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி வைத்தே தீட்டலாம். இதையெல்லாம் நானே 1000 கிரிட் (சொரசொரப்பின் எண், எண் கூடக் கூடக் கல் வழவழப்பாகும்) தண்ணீர்க் கல்லில் செய்துகொண்டுதான் இருந்தேன். கட்டை விரல் அடியில் வலி வந்து, மணிக்கட்டை மடக்கிச் செய்யும் வேலை கொஞ்ச காலம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால்தான் வெளியே ஆள் தேட வேண்டியதாயிற்று.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அரிவாள்மனை, கத்தரிக்கோல், தேங்காய் வெட்டும் கத்தி எல்லாம் அவரிடம்தான் போகும். சாண்டோகுவைக் காட்டியபோது அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இது மெல்லிசு தகடும்மா. சக்கரத்துல வெச்சா பதம் போயிடும், அப்புறம் என்னைத் திட்டுவீங்க.”

அதனால்தான் அந்த ஆப்பில் ‘இயந்திரம் பயன்படுத்துவதில்லை, ஜப்பானியக் கல்லில் கையால் மட்டுமே’ என்று கொட்டை எழுத்தில் பார்த்ததும் நின்றேன்.

வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். சட்டையில் ஆப் சின்னம், கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் கத்தி கத்தியாக வைக்கக் குழி வெட்டிய ஸ்பாஞ்ச். ஒவ்வொரு கத்திக்கும் எண் போட்ட சீட்டு கட்டினான், சின்ன டிஜிட்டல் கருவியை வைத்துக் கோணம் பார்த்தான். “மிஷின்ல போடுவீங்களா?” என்று நான் நேராகவே கேட்டேன். “மிஷினே கிடையாதுக்கா. எல்லாம் கல்லு, கையாலதான்.” அப்புறம் பூதக்கண்ணாடியை வைத்து, பிடிக்குப் பக்கத்தில் விளிம்பில் இருந்த பொட்டளவு உடைசலைக் கண்டுபிடித்தான். “இங்க பாருங்க, லேசா போயிருக்கு. இதைப் பொறுமையாதான் எடுக்கணும். அவசரப்பட்டா சூடேறிடும்.”

சூடேறிடும் என்றான் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம் விட்டுப்போனது. கூர் வேலையில் சூடு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் மட்டுமே அதற்குப் பயப்படுவார்கள். கடினமாக்கிய எஃகை அதன் பிறகு மிதமான சூட்டில் வைத்துத்தான் பதப்படுத்துவார்கள். வறண்ட சக்கரத்தில் வைத்தால் காகிதம் போல மெலிந்த விளிம்பு ஒரு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும், விளிம்பு இளகிப்போகும். நம் சாணைக்காரர் பதம் போயிடும் என்று சொன்னதும் இதைத்தான். பையனும் அதையே சொல்கிறானே என்று மனசு இறங்கிவிட்டது. ஒரு கத்திக்கு ₹350, வருடத் திட்டம் என்றால் நான்கு முறை, முறைக்கு ஐந்து கத்தி வரை ₹4,800, கூடவே 1000/6000 ஜப்பான் கல் ஒன்று இலவசம் என்றான். அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

கத்திகள் திரும்பி வந்த அன்று வாசலிலேயே செய்தித்தாளை நாடா நாடாகக் கிழித்துக் காட்டினான். அன்றைக்குத் தக்காளியும் வெண்ணெயாகத்தான் வெட்டுப்பட்டது. வாரம் முடிவதற்குள் அதே கத்தி தக்காளித் தோலில் வழுக்குகிறது, வெங்காயத்தை வெட்டாமல் நசுக்குகிறது.

இது ஏன் என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தியை ஒரு பக்கம் தேய்க்கும்போது விளிம்பில் மயிரிழை மாதிரி எஃகு மறுபக்கம் சுருண்டு நிற்கும். பிசிறு. பக்கம் மாற்றி மாற்றி லேசாகத் தேய்த்து, கடைசியில் தோல் வாரில் இழுத்து அதை எடுக்க வேண்டும். அதுதான் நேரம் பிடிக்கும் வேலை. எடுக்காமல் விட்டாலும் பிசிறு காகிதத்தை அற்புதமாக வெட்டும், அன்றைய தக்காளியையும் வெட்டும். வெட்டுப்பலகையில் தொடர்ந்து இடிபட்டால் மடங்கும், முறியும். ஆக அந்தச் செய்தித்தாள் வித்தை கூருக்குச் சாட்சியே இல்லை.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. கல்லில் தீட்டிய தடமே இல்லை. விளிம்புக்குக் குறுக்காக முரட்டுக் கீறல்கள், ஓடும் பெல்ட்டில் அழுத்தினால் விழும் கீறல்கள். அலைக்கோடுகள் கீழ்ப்பகுதியில் மொத்தமாக அழிந்துவிட்டன. பலகையில் கத்தியை நிறுத்தினால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது, அங்கே மட்டும் அதிகமாகத் தின்றிருக்கிறார்கள். பழைய போட்டோவோடு ஒப்பிட்டால் பிடிப் பக்கம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயரம் காணோம். முனையில் கட்டை விரல் அகலத்துக்கு நீலமும் வைக்கோல் நிறமும். ஸ்டெயின்லெஸ் வகை எஃகு இப்படி நிறம் மாற சாதாரண இரும்பைவிட இன்னும் கூடுதல் சூடு வேண்டும், அப்படியானால் எவ்வளவு சுட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய அரத்தை எடுத்து உரசினேன். கடினமான எஃகில் அரம் வழுக்கும், இளகிப்போன எஃகில் கடிக்கும். விளிம்பில் பிடிப் பக்கம் அரம் வழுக்குகிறது, முனைப் பக்கம் கடிக்கிறது. முனை செத்துப்போச்சு.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். போட்டோக்களை அனுப்பியதும் “உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்”. அப்புறம் மௌனம். மறுபடி கேட்டால், அந்த நீலம் ‘பாட்டினா’வாம், ஜப்பான் எஃகுக்கு அது இயற்கையாம். கார்பன் எஃகுக் கத்தியில் வெங்காயம், எலுமிச்சைப் புளிப்பு பட்டுப் பட்டு மெல்ல மெல்லப் படியும் நிறம்தான் பாட்டினா. விஜி-10-இல் குரோமியமே சுமார் 15 சதவீதம், அதில் இப்படி ஒரு மூலையில் மட்டும் வானவில் படியாது. இதை எழுதி அனுப்பினேன். அடுத்த கேள்வி: “டிஷ்வாஷரில் போட்டீர்களா மேடம்?” எங்கள் வீட்டில் டிஷ்வாஷரே கிடையாது, வைக்க இடமும் கிடையாது.

சூப்பர்வைசர் என்று ஒருவர் போனில் வந்தார். “தீட்டினா மெட்டல் போகத்தான் மேடம் செய்யும், டெர்ம்ஸ்ல இருக்கு.” 4 மில்லிமீட்டரா? கல்லில் வருடக்கணக்கில் தீட்டினாலும் அவ்வளவு போகாது. பட்டறை எங்கே, நேரில் வந்து பேசுகிறேன் என்றேன். பாதுகாப்புக் காரணமாகச் சொல்ல முடியாதாம். சரி, மிச்சமிருக்கும் மூன்று முறைக்கான பணத்தையாவது கொடுங்கள் என்றால், திட்டப் பணம் திருப்பித் தரப்படாது, ஆனால் அடுத்த வருடத் திட்டத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்கிறார்! ₹14,300 போனவளிடம் அடுத்த வருடத்துக்கும் கட்டு என்கிறார்கள்.

இதற்குள் ஆப்பில் ‘இயந்திரம் பயன்படுத்துவதில்லை’ என்ற வரி காணாமல் போய், ‘தொழில்முறைக் கருவிகள் கொண்டு’ என்று மாறியிருக்கிறது. பழையதன் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.

அந்தப் பையனைக் கூப்பிட்டேன். அவன் மறைக்கவில்லை. “அக்கா, நான் எடுத்துட்டுப் போய்க் குடுக்கிறவன்தான். பட்டறைக்குள்ள விடமாட்டாங்க, வெளியிலயே வாங்கிப்பாங்க. பெல்ட் ஓடுற சத்தம் மட்டும் கேக்கும்.” அப்படியானால் சூடேறிடும் என்று சொன்னாயே? “அது அவங்க எழுதிக் குடுத்ததுக்கா. கஸ்டமர் மிஷினான்னு கேட்டா இதைச் சொல்லணும்னு ட்ரெய்னிங்கில சொன்னாங்க.” அவன் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்தவர்களை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. சூட்டில் கத்தி கெடும் என்று நன்றாகத் தெரிந்து, அதை வசனமாக எழுதி, அப்புறம் கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறார்கள்.

இலவசக் கல்லையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பக்கம் 6000, பழுப்புப் பக்கம் 1000 என்று அச்சு. இரண்டு பக்கமும் விரலுக்கு ஒரே சொரசொரப்பு, பழைய கத்தியில் இரண்டும் ஒரே மாதிரி கீறுகின்றன. தண்ணீரில் ஊறப் போட்டதும் ஓரம் பொருக்காக உதிர்ந்து, பழுப்புச் சாயம் கிண்ணத்தில் இறங்கிவிட்டது.

வீட்டுப் பராமரிப்பு பற்றி விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்கு மனசு இல்லை, கையும் வலிக்கிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான்: நல்ல கத்தியை முதலில் கொடுக்காதீர்கள், ஒன்றுக்கும் உதவாத பழைய கத்தியைக் கொடுத்து, ஒரு வாரம் சமைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வருடப் பணம் முன்கூட்டிக் கட்டவே கட்டாதீர்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள், விளம்பர வரிகளையும் சேர்த்து. கண் முன்னால் தீட்ட மாட்டேன் என்பவரிடம் மெல்லிய கத்தி போகக் கூடாது. வீட்டில் தீட்ட நல்ல 1000 கிரிட் கல் ஒன்று போதும். இழுத்தால் கூராகும் என்று விற்கும் V வடிவப் பிளவுக் கருவியைக் கடினமான கத்தியில் வைக்காதீர்கள், விளிம்பு பொடிப்பொடியாகப் பெயரும். கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை மேல் வெட்டாதீர்கள், சிங்க்கில் ஊறப் போடாதீர்கள். மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம்.

புகாருக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளின்படி புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். 1915-இல் நான் இன்று காலையே பதிந்துவிட்டேன். ₹14,300-இல் ஒரு ரூபாய் திரும்பி வந்தாலும் இங்கேயே சொல்கிறேன். இதே வசனத்தைக் கேட்டு ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஆணையத்துக்குச் சேர்ந்தே போகலாம்.