1920-கள் கம்பளி வெய்ஸ்ட்கோட்டு: ட்வீடா, சூட்டிங்கா, டெரிவுல்லா, பழைய ஓவர்கோட்டா?

நம்மூரு வெயிலுக்குக் கம்பளில எதுக்குங்க வெய்ஸ்ட்கோட்டு, பார்க்க ஒண்ணு போலயே இருக்குற பாலியெஸ்டர் சூட்டிங்ல தெச்சுட்டா ஆகாதான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. ஆகாதுங்க. அதுவும் 1920-கள்ல நடக்குற பிரிட்டிஷ் கேங்ஸ்டர் சீரியல்ல வர்ற வெய்ஸ்ட்கோட்டு, ஸ்கிரீன்ல தெரியுறது அப்படியே உடம்புல வரணும்னு ஆசப்பட்டுத் தைக்கறவங்களுக்கு நிச்சயமா ஆகாது. முழு சூட்டுன்னா மூணு மீட்டருக்கு மேல துணி வேணும், அங்க காசு பார்த்து கலப்புத் துணிக்குப் போறது நியாயம், ஆனா வெய்ஸ்ட்கோட்டுல கம்பளி வர்றது முன்பக்கத்து ரெண்டு பீசு மட்டும்தான், முதுகு பூரா லைனிங் துணி. 150 செ.மீ. அகலத்துல முக்கால் மீட்டர் இருந்தா சராசரி ஆளுக்கு முன்பக்கம், பாக்கெட் பட்டி, உள்பக்க ஃபேசிங் எல்லாமே வெட்டிரலாம். நல்ல துணில கை வெக்கறதுக்கு இத விட தோதான உடுப்பு வேற இல்லைங்க.

நான் இருக்கறது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளான்னாலும் பேச்சும் கடைகண்ணியும் பாதி அந்தப்பக்கம்தான், வேலந்தாவளம் தாண்டுனா கோயமுத்தூரு, கோபாலபுரம் தாண்டுனா பொள்ளாச்சி, மேக்கால போனா பாலக்காடு. துணிக்குப் பஞ்சமே இல்லாத ஏரியா, கோயமுத்தூர்ல ஸ்டேன்ஸ் மில்லு வந்ததே 1888-ல. ஆனா எல்லாமே பருத்தி. கம்பளி சூட்டிங் வடக்க இருந்து வரணும், அதனால கடைக்குப் போயி "வுல்லன் காட்டுங்க"ன்னு கேட்டா பத்துக்கு எட்டு கடைல எடுத்துப் போடறது கம்பளியும் பாலியெஸ்டரும் கலந்த டெரிவுல்லாத்தான் இருக்கும். என்ன வேணும்னு நாம தெரிஞ்சுட்டுப் போகணும்.

துணி எடுக்கறதுக்கு முன்னாடி சீரியல் ஃப்ரேம நிறுத்தி அளவு எடுங்க. வெய்ஸ்ட்கோட்டு பட்டன் வழக்கமா 24 லைன் சைஸு, 40 லைன் ஒரு இஞ்ச், அப்ப பட்டனோட குறுக்களவு 15 மி.மீ. சொச்சம். ஆளு நேரா நிக்குற ஃப்ரேம்ல ஸ்கிரீன் மேலயே ஸ்கேல வெச்சு பட்டன் எவ்வளவு, மீன்முள்ளு மாதிரி சாஞ்சு நிக்குற ஹெரிங்போன் வரி ஒண்ணு எவ்வளவுன்னு எடுங்க. பட்டன் அகலத்துக்குள்ள ஒன்றரை வரி அடங்குச்சுன்னா ஒரு வரி 10 மி.மீ., அந்த அளவு வரி இருக்குற துணியத்தான் தேடணும், அஞ்சு மி.மீ. வரி எடுத்தா கலரு எவ்வளவு கச்சிதமா இருந்தாலும் போட்டோவுல வேற ட்ரெஸ்ஸாத் தெரியும். பட்டனுக்குப் பட்டன் இடைவெளி, கழுத்து V எங்க முடியுது, கீழ் நுனி எவ்வளவு கூர்மை, எல்லாமே இதே கணக்குல வந்துரும். நெறத்துக்கு மட்டும் ஸ்கிரீன அப்படியே நம்பாதீங்க, கலர் கிரேடிங்ல சாம்பல் கலரு நீலமா மாறி நிக்கும். அதே ஃப்ரேம்ல வெள்ளைக் காலரப் பாருங்க, காலரே நீலம் அடிக்குதுன்னா துணியும் அந்த அளவுக்கு நீலம் கூடித்தான் தெரியுதுன்னு அர்த்தம், அதக் கழிச்சுட்டு கலர் எடுங்க.

இப்ப துணிகளுக்கு வருவோம். மொதல்ல எல்லாரும் சொல்றது ஹாரிஸ் ட்வீட். 1993-ல பிரிட்டன்ல இதுக்குன்னே சட்டம் போட்டிருக்காங்க, ஸ்காட்லாந்துக்கு மேக்கால இருக்குற அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுலயே சாயம் போட்டு நூத்த புதுக் கம்பளி நூல, அந்தத் தீவுக்காரங்க அவங்கவங்க வீட்டுத் தறில கையால நெய்யணும், ஃபினிஷிங்கும் அங்கயேதான் பண்ணணும், அப்பத்தான் அந்தப் பேரு. துணி அருமைங்க, ஒரு நூலுக்குள்ளயே நாலஞ்சு கலரு கலந்து கெடக்கும், கிட்டக்க பார்த்தா பச்சை, துருக்கலரு, நீலம்னு தனித்தனியாத் தெரியும், பத்தடி தள்ளிப் போனா ஒரே பழுப்பு. வாங்கும்போது அகலம் கேட்டுக்கங்க, 75 செ.மீ. ஒத்த அகலம்னா ஒன்றரை மீட்டர் வேணும். ஆனா கதையோட பொருத்திப் பார்க்கணும். மலைக்காட்டுல வேட்டைக்குப் போற ஜமீன் ஆளு கேரக்டர்னா இந்த ட்வீடு சரி. டவுனுக்குள்ள குதிரைப் பந்தயமும் ஃபேக்டரியுமா திரியுற கேங்ஸ்டருக்கு முடி நீட்டிட்டு நிக்குற ட்வீட விட கனமான கம்பளி ஃபிளானலோ, இழைய சீவி வழவழன்னு நூத்து நெய்யுற வொர்ஸ்டடோதான் பொருத்தம், நீங்க எடுத்த ஃப்ரேம்ல துணிமேல முடி தெரியுதா, வரி கூர்மையா இருக்கான்னு பார்த்தாவே தெரிஞ்சுரும். அதுக்கு மேல இறக்குமதிச் செலவு, கஸ்டம்ஸு. கேரக்டர் கேட்டா ஒழிய நான் இதுக்குப் போகமாட்டேன்.

என்னோட ஓட்டு நூத்துக்கு நூறு கம்பளி வொர்ஸ்டட் சூட்டிங்குக்குத்தான். கோயமுத்தூரு டவுன்ஹால் ஏரியாவுல ஒப்பணக்கார வீதி, ராஜ வீதின்னு அலசி கட்பீஸ் கேட்டீங்கன்னா, சூட்டுக்கு வெட்டுனது போக மிஞ்சுன ஒரு மீட்டர், ஒண்ணேகால் மீட்டர் பிட்டு வெல கொறஞ்சு கெடைக்க வாய்ப்பு உண்டு, நமக்கு அதுவே தாராளம். சூப்பர் 100, சூப்பர் 120-ன்னு கரையில போட்டிருக்கறது துணியோட கனம் இல்லைங்க, இழையோட மென்மை, சூப்பர் 100-ன்னா இழை 18.75 மைக்ரானுக்குள்ள இருக்கணும்னு அர்த்தம். நம்பர் ஏற ஏற துணி வழவழன்னு மெலிசாப் போகும், இந்த வேலைக்கு அது வேண்டாம், சின்ன நம்பரே நல்லது.

இதுல பெரிய குறை கனம்தான். அந்தக் காலத்து சூட் துணி ஒரு கெஜம் 16 அவுன்ஸ், 18 அவுன்ஸ்னு வரும், மீட்டர் கணக்குக்கு 500 கிராம் அதுக்கு மேல, இப்ப கடைல இருக்கறது 250, 280 கிராம். அந்த வித்தியாசம் ஸ்கிரீன்ல அப்பட்டமாத் தெரியும், பழைய துணி வயித்து மேல சுருக்கமில்லாம தொங்கும், புதுத்துணி பட்டனுக்குப் பட்டன் இழுத்துக்கிட்டு நிக்கும். வழி இருக்குங்க. முன்பக்க பீசு ஒவ்வொண்ணுக்கும் அதே அளவுல காட்டன் ஃபிளானல் வெட்டி, ரெண்டையும் மேசை மேல விரிச்சு லூசா ஓட்டுத்தையல் போட்டு ஒட்டி, அதுக்கப்புறம் ரெண்டையும் ஒரே துணியா நெனச்சு தைங்க. டார்ட்டும் (வடிவுக்காகப் புடிக்கற மடிப்புத் தையல்) ரெண்டு துணியோட சேத்தே புடிங்க. கனம் வந்துரும், தையல் தடம் வெளிய அச்சு விழாது, வேர்வையும் கம்பளிக்கு ஏறுறதுக்கு முன்னாடி பருத்தில நின்னுரும். ஃபிளானல மட்டும் மொதல்ல தண்ணில போட்டுக் காயவெச்சுருங்க, பின்னாடி சுருங்குனா முன்பக்கமே வளைஞ்சுரும். இத ஒழுங்காப் பண்ணுன லைட் வொர்ஸ்டட், சுமாராத் தெச்ச ஹாரிஸ் ட்வீட விட ஸ்கிரீனுக்குக் கிட்ட நிக்கும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

டெரிவுல் பத்தி ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு இஸ்திரி. கம்பளிய ஈரத்துணி போட்டு ஸ்டீம் குடுத்தா சொன்ன பேச்சு கேக்கும், ஆர்ம்ஹோல் ஓரத்துல தொளதொளன்னு நிக்குறத சுருக்கலாம், நெஞ்சுக்கிட்ட வளைவு ஏத்தலாம், ஆறுனதும் அப்படியே நிக்கும். பாலியெஸ்டர் பாதி கலந்துட்டா இந்த வேல நடக்காது, சூடு கூடுனா பளபளன்னு தேஞ்ச தடம்தான் மிச்சம், அந்தப் பளபளப்பு ஃபிளாஷ் லைட்ல எப்பவுமே காட்டிக்குடுத்துரும். இன்னொண்ணு வேர்வை. கம்பளி சாதாரண காத்துலயே தன்னோட எடைல 16 சதவீதம் ஈரத்த உள்ள வாங்கி வெச்சுக்கும், பாலியெஸ்டருக்கு அது 0.4 சதவீதம்தான், ஏப்ரல் மாசம் பாலக்காட்டு வெக்கையில ஒரு ஃபோட்டோஷூட் முழுக்கப் போட்டுட்டு நின்னீங்கன்னா அந்த நம்பர் உடம்புல தெரியும். கடைக்காரர் ப்யூர்னு சொன்னாலும் ரெண்டு நூல உருவி பத்தவெச்சுப் பாருங்க. கம்பளின்னா முடி கருகுற வாசனை வந்து தானா அணைஞ்சு, விரல்ல நசுக்குனா கரித்தூளாகும், பாலியெஸ்டர் உருகிக் கட்டியா நின்னுரும், கலப்புத் துணில சாம்பலுக்குள்ள கட்டி தட்டும்.

பழைய கோட்டப் பிரிச்சுத் தைக்கறது, நெறைய பேரு கணக்குலயே எடுக்காத வழி. ஊட்டி, குன்னூர் பக்கம் வீட்டுல தாத்தா காலத்து ஓவர்கோட்டு யாராவது வெச்சிருப்பாங்க. அந்தக் கனம் இன்னைக்கு நம்ம பக்கத்துக் கடைல கெடைக்கறது கஷ்டம், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிஞ்ச துணி, கொஞ்சம் தேஞ்ச லுக்கும் இலவசமா வந்துரும், சினிமாக்காரங்க புதுத் துணிய உப்புத்தாள் போட்டுத் தேச்சு வரவெக்கறது அதத்தான். ஆனா சூட் கோட்டு எடுத்தா பத்தாது, முன்பக்கம் பூரா பாக்கெட்டும் டார்ட்டும் இருக்கும், முதுகு பீசு அகலம் வராது. ஓவர்கோட்டுதான் வேணும், அதோட முதுகு ரெண்டு பாதியா இருக்கும் பாருங்க, அந்த ரெண்டும் நம்ம முன்பக்கம் ரெண்டுக்கு. கட்டம் போட்ட துணின்னா நடுத்தையல்ல ஏற்கெனவே கட்டம் சேத்துத்தான் வெட்டியிருப்பாங்க, நமக்கு அந்த வேலயும் மிச்சம். வெட்டுறதுக்கு முன்னாடி ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு பூச்சி ஓட்டை பாருங்க. நல்ல ஓவர்கோட்டு கையில கெடைச்சா இது வொர்ஸ்டடயே தோக்கடிச்சுரும். கெடைக்கறதுதான் கஷ்டம்.

கம்பளிப் போர்வைய வெட்டித் தைக்கலாம்னு சொல்றவங்களுக்கு: பானிபட்டு போர்வை பழைய துணியக் கிழிச்சு மறுபடி நூத்த குட்டை இழை, காஜா போட்ட எடத்துலயே பிஞ்சு வரும். நம்ம குரும்பை ஆட்டு ரோமத்துக் கம்பளி அசல் கம்பளிதான், ஆனா இழை முரடு, கத்திரி போட்டா ஓரம் நிக்காது. நீலகிரி ஆட்டு ரோமம் மென்மையானது, அதுக்குன்னே சாண்டிநல்லாவுல 1965-ல இருந்து ஆராய்ச்சி நிலையம் நடக்குது, அந்த ரோமத்துல சூட்டிங் துணியா நெய்து நம்ம கடைல வந்தா மொத ஆளா நான் வாங்குவேன்.

துணிக்கு அடுத்தது, முன்பக்கம் வடிவா நிக்க உள்ள வெக்கற கேன்வாஸ். இதுல ஒட்டுக் கேன்வாஸா, தெச்ச கேன்வாஸான்னுதான் போட்டி. எங்க ஊர்ல கோட்டுத் தைக்கற பெரியவர் ஒருத்தர்கிட்ட துணியக் கொண்டு போயி, "ஏனுங்கய்யா, இதுக்கு பக்ரம் வெக்கலாமுங்களா"ன்னு கேட்டேன், பக்ரம்னா கஞ்சி போட்டு வெறச்ச துணி. துணிய விரல்ல உருட்டிப் பார்த்துட்டு, "பக்ரம் வெச்சா அட்டையாட்ட நிக்கும் கண்ணு, ஒட்டுறதும் வேண்டாம், ஆடி மாசத்துக் காத்துக்கு பொங்கிரும், நீ கேன்வாஸ வெட்டி கையில தெய்யி"ன்னாரு. அது முழுக்க சரிங்க. ஒட்டுக் கேன்வாஸ் பசை சமமாப் புடிக்கணும்னா ஃபேக்டரி பிரஸ்ஸோட சூடும் அழுத்தமும் வேணும், வீட்டு இஸ்திரில ஒரு எடம் புடிக்கும் ஒரு எடம் விடும், பாலக்காட்டுக் கணவாய்ல ஜூன், ஜூலைல அடிக்கற ஈரக்காத்துல விட்ட எடமெல்லாம் குமிழா எந்திரிச்சுரும், அதுக்கப்புறம் என்ன இஸ்திரி போட்டாலும் போகாது. ஆட்டு ரோமம் கலந்த கேன்வாஸ் கெடைச்சா நல்லது, கெடைக்கலேன்னா மொடமொடப்பான லினன் போதும், தோள்ல இருந்து பட்டன் வரிசை வரைக்கும் வெட்டி, சாய்வா சின்னச் சின்ன தையல்ல பிடிச்சுட்டு வாங்க, ஊசி மேல் துணில ஒரே ஒரு இழைய மட்டும்தான் தொடணும். தைக்கும்போது துணிய விரல்மேல வளைச்சு வெச்சுக்கிட்டே தைங்க, அந்த வளைவுதான் போட்டதும் நெஞ்சுல உக்காரும். ஆர்ம்ஹோல் ஓரத்துக்கு அரை சென்டிமீட்டர் காட்டன் டேப், ஓரத்த விட துளி கம்மியா இழுத்துத் தெச்சா கைக்குழி வாய் பொளக்காது.

முதுகுக்கு சாட்டின் பாலியெஸ்டர் எடுக்காதீங்க, இங்க நம்ம ஏரியாவுக்கே யோகம், கோயமுத்தூர்ல நல்ல காட்டன் சாட்டின் தாராளமாக் கெடைக்குது. பக்கிள் பட்டி மறக்கவேண்டாம், இடுப்புப் பிடிப்பு அதுலதான் வருது.

பட்டன்ல கொம்பு பட்டனும் சிரட்டை பட்டனும். பொள்ளாச்சி பூரா தென்னைன்னு சிரட்டை பட்டன் மேல எனக்கும் ஆசைதான், பழுப்பு ட்வீடுல அம்சமா இருக்கும், ஆனா அதுல சின்னச் சின்ன கீத்துப் புள்ளி ஓடும், சாம்பல் துணி மேல குளோசப்புல அது துருத்திட்டுத் தெரியும். எருமைக் கொம்புல கருப்புக்குள்ள புகை ஓடுன கணக்கா ஒரு ரேகை, உத்தரப் பிரதேசத்து சம்பல் ஊர்ல இந்தக் கொம்பு வேலைதான் தொழிலே, ஒரு வெய்ஸ்ட்கோட்டுக்கு ஆறு பட்டன் வாங்குறதுக்கு யோசிக்கவே வேண்டாம். காஜா கடைல மெஷின்ல போட்டா தெச்சுட்டு அப்புறம் வெட்டுவாங்க, வெட்டுன எடத்துல வெள்ளக் கேன்வாஸ் எட்டிப் பார்க்கும். கையில போடுறப்ப மொதல்ல வெட்டி, ஓரத்துல முறுக்கு நூல் வெச்சு, அது மேல பட்டு நூல்ல முடிச்சு முடிச்சாப் போட்டுட்டு வர்றது, அதனால ஓரம் பூரா மூடி உருண்டையா நிக்கும். மொத காஜாவ மிச்சத் துணில பழகிட்டு வாங்க.

தெச்சு முடிச்சதும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடி வெக்காதீங்க, நம்ம ஈரத்துக்கு பூஞ்சணம் புடிச்சுரும். பழைய வேட்டித் துணில சுத்தி, காஞ்ச வேப்பிலையோ வசம்போ கூட வெச்சு, மாசம் ஒருக்கா வெளிய எடுத்து நிழல்ல தொங்கவிட்டு பிரஷ் போடுங்க, அந்துப்பூச்சி முட்டை இருந்தா அதுல உதிர்ந்துரும். வேர்வைக் கறையோட மட்டும் உள்ள வெக்கவே வெக்காதீங்க, பூச்சி மொதல்ல கடிக்கறது அந்த எடத்தத்தான்.