கணவருக்கான அமெரிக்க விசா: பாதி வேலை தேவகோட்டையில், மீதி மும்பையில்

கணவருக்கு அமெரிக்க விசா என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்பது, "அமெரிக்கத் தூதரகம் சென்னையில் ஜெமினி பாலத்துப் பக்கந்தானே, காலையில் காரைக்குடியில் பல்லவன் ஏறினால் மதியத்துக்கு எழும்பூர் போய்விடலாமே" என்றுதான். சுற்றுலா, படிப்பு, வேலை விசாவுக்கெல்லாம் அது சரி. கணவனையோ மனைவியையோ நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் குடியேற்ற விசாவுக்குச் சென்னையில் நேர்காணல் கிடையாது. எங்களுக்கு மும்பை பாந்திரா குர்லா வளாகத்தில் இருக்கும் துணைத் தூதரகம் என்று கடிதம் வந்தது. நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், குடியுரிமை வாங்கியவள். கணவர் தேவகோட்டைக்காரர், சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நேர்காணலுக்காகவே விடுப்பு எடுத்து வந்தேன்.

மும்பையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவரிடம் பேசியது கொஞ்ச நேரம்தான். காகிதம் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருந்ததால்தான் அது அவ்வளவு சீக்கிரம் முடிந்தது. பெயரை ஒன்றாக்கிய வேலை முழுக்க நம் ஊர் அலுவலகங்களில் நடந்தது. அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் செட்டிநாட்டுப் பெயர்களுக்கென்று சில தனிச் சிக்கல்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவரை அழைத்துக்கொள்ள அனுமதி கேட்கும் ஐ-130 மனுவை அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் போட்டு, அது ஏற்கப்பட்ட பிறகு கோப்பு அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே விசாக் கட்டணம் 325 டாலர், வருகிறவரின் செலவுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கும் ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர். அப்புறம் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம், ஐ-864 என்ற அந்த ஆதரவுப் பத்திரம், சான்றிதழ்களின் ஸ்கேன். அழைக்கிறவரின் வருமானம் அமெரிக்க அரசு போட்டிருக்கும் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். எல்லாம் சரி என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் நேர்காணல் தேதிக்கு வரிசையில் நிற்க முடியும். இதெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. பொறுமை இருந்தால் வக்கீல் இல்லாமலே முடிக்கலாம்.

இப்போது பெயருக்கு வருகிறேன். நம் வீடுகளில் மூத்த பேரனுக்கு ஐயா, அதாவது தாத்தா பெயரை வைப்பது வழக்கம். லெட்சுமணன் மகன் மெய்யப்பன், மெய்யப்பன் மகன் லெட்சுமணன் என்று தலைமுறை தலைமுறையாகப் போகும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் வீட்டில் கூப்பிட வேறொரு பெயர் இருக்கும். சிலருக்குப் பள்ளிக்கூடத்தில் அந்த வீட்டுப் பெயரையே கொடுத்துவிடுவார்கள். இதற்கு மேல் விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் மூன்று நான்கு வரிசையாக நிற்கும். பத்திரத்தில் முழு விலாசம், ரேஷன் கார்டில் ஒரே இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பச்சி, அதாவது அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். நம் கண்ணுக்கு இது ஒரே ஆள். கோப்பைப் பார்க்கிற வெளியாளுக்கு மூன்று ஆட்கள், அதிலும் ஐயாவும் பேரனும் ஒரே பெயரில் இருந்தால் யார் யாருக்குப் பிள்ளை என்றே குழப்பம்.

என் கணவரின் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இடமே காலியாக இருந்தது. அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் "ஆண் குழந்தை" என்று பதிந்துவிடுவார்கள், பெயரைப் பின்னால் சேர்க்க யாரும் போகமாட்டார்கள். தமிழ்நாட்டில் இப்படிப் பெயர் சேர்ப்பதற்கான காலக்கெடுவை அரசு சில முறை நீட்டித்துக் கொடுத்தது, இப்போது என்ன நிலை என்று உங்கள் நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேலை பார்த்துக் கொடுத்த பிறப்பு இறப்புப் பிரிவு அம்மாவை மறக்கமாட்டேன். பழைய பதிவேட்டை எடுத்து வைத்து, பழுப்பேறிய பக்கத்தில் விரலை ஓட்டி மாமியார் பெயரைக் கண்டுபிடித்து, "உங்க ஆத்தா பேருல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு தம்பி, இதையும் சேர்த்தே திருத்திக்கிட்டா நல்லது, பின்னாடி அலைய வேண்டாம்" என்று அவராகவே சொன்னார். நாங்கள் கேட்கவே இல்லை. அந்த ஓர் எழுத்து அப்படியே இருந்திருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ள தாயார் பெயரோடு ஒத்துப்போயிருக்காது.

சுவீகாரம் போனவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் பக்கம் பிள்ளை கூட்டிக்கொள்வது சாதாரணம். பிறப்புச் சான்றிதழில் பெற்றவர் பெயர், மற்ற எல்லாவற்றிலும் கூட்டிக்கொண்டவர் பெயர் என்று இருந்தால், பதிவு செய்த சுவீகாரப் பத்திரமும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கையில் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று: அது சரியானது, தனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

கல்யாணச் சான்றிதழுக்குச் சார்பதிவாளர் அலுவலகம். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிந்தாக வேண்டும், 90 நாளுக்குள் போவது நல்லது. கோயில் ரசீதோ மண்டபத்து ரசீதோ சான்றிதழ் ஆகாது. நம் கல்யாணத்தில் எழுதும் இசைபிடிமானமும் ஆகாது. இதைச் சொன்னபோது என் அப்பத்தாவுக்கு மனசே ஆறவில்லை. ஓலையில் எழுதிய காலத்திலிருந்து இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்கிற கல்யாண ஒப்பந்தம், கவர்மெண்டு பதிவு வருவதற்கு முன்னாலேயே நம்மிடம் இருந்தது, அதை ஒதுக்கினால் எப்படி என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் அதன் நகலையும் மொழிபெயர்த்து, உண்மையான கல்யாணம் என்பதற்கான ஆதாரங்களோடு சேர்த்தே அனுப்பினோம். மொய் எழுதிய நோட்டின் சில பக்கங்களும் போயின.

காவல்துறை நற்சான்றிதழ் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வருவது. சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை மண்டலம். கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பின் உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வருவார்கள், அந்த நேரத்தில் ஆள் ஊரில் இருக்க வேண்டும். நம்மவர்கள் நிறையப் பேர் தவறவிடுவது வெளிநாட்டுச் சான்றிதழைத்தான். 16 வயதுக்குப் பிறகு வேறு எந்த நாட்டில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தாலும் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் வேண்டும். சிங்கப்பூர், மலேசியா போய் வந்தவர்கள் இல்லாத வீடு நம் பக்கம் ஏது? சிங்கப்பூர்ச் சான்றிதழுக்கு விரல் ரேகை எடுத்து அனுப்ப வேண்டும், அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

புகைப்படம் சின்ன விஷயம் போலத் தெரியும். இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக் கூடாது. ஸ்டூடியோவில் அளவைச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள், அப்புறம் கணினியில் போட்டுக் கன்னத்து மருவை அழித்து, முகத்தை இரண்டு சுற்று வெளுப்பாக்கி, தலைமுடி ஓரத்தைக் கத்தரித்துக் கொண்டு வந்து நீட்டினார்கள். முகத்தில் எதையும் மாற்றக் கூடாது என்பது விதி. பக்கத்திலேயே உட்கார்ந்து, எதையும் தொடாமல் அப்படியே பிரிண்ட் போடச் சொல்லி வாங்குங்கள்.

இதற்கிடையில் ஒரு ஏஜென்ட். யார் சொல்லி வந்தாரோ, வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்துகொண்டு, மும்பையில் உள்ளே ஆள் இருக்கிறது, கேள்விகளை முன்னாலேயே வாங்கித் தருகிறேன் என்று ஒரு பெரிய தொகை கேட்டார். மாமனார் தயங்கினார், பிள்ளைக்கு ஏதும் தடங்கல் வந்துவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள், அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அப்படி யாரும் உள்ளே கிடையாது. கட்டணம் கட்டுவது, படிவம் நிரப்புவது எல்லாமே அரசு இணையதளங்களில் நாமே செய்வது. ஊரில் உங்களுக்கு வயதான பெற்றோர் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மதுரையிலிருந்து மும்பைக்கு விமானம். மாட்டுங்காவில் தங்கினோம், தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும், தூதரகமும் தூரமில்லை. முதல் வேலை மருத்துவப் பரிசோதனை, தூதரகம் ஒப்புதல் கொடுத்த மருத்துவர்களிடம்தான் செய்ய முடியும். மார்பு எக்ஸ்ரே, ரத்தம், தடுப்பூசிகள். சின்ன வயது ஊசி அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் விடுபட்டதையெல்லாம் அங்கேயே போடுவார்கள், பில் ஏறும். நேர்காணலுக்கு முந்தின நாள் வரை இதைத் தள்ளிப்போடவே கூடாது. எக்ஸ்ரேயில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் சளியைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும், அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க இரண்டு மாதம் போய்விடும். உறைபோட்டு ஒட்டிக் கொடுத்தால் பிரிக்கக் கூடாது. கைரேகை, புகைப்படப் பதிவு வேறொரு மையத்தில், நேர்காணலுக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

நேர்காணல் அன்று விண்ணப்பதாரர் மட்டும் உள்ளே போனார். போன், ஸ்மார்ட் வாட்ச், சார்ஜர் எதுவும் கூடாது, அவர் பொருட்களை வாங்கிக்கொண்டு நான் வெளியே நின்றேன். முதல் ஜன்னலில் மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தார்கள், பிறகு விரல் ரேகை, கடைசியில் வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதிமொழி. எப்படி அறிமுகம், பெரியவர்கள் பேசி முடித்ததா, மனைவி என்ன வேலை, அவரோடு வீட்டில் யார் இருக்கிறார்கள், சிங்கப்பூர் வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆல்பத்தைப் புரட்டியபோது, ஆண்கள் சிலர் பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த படத்தில் அதிகாரி நின்றுவிட்டாராம். இவர்கள் யார், என்ன எழுதுகிறார்கள் என்று கேட்க, இரண்டு அப்பச்சிமாரும் இசைபிடிமானத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று இவர் சொல்ல, அதிகாரி கோப்பிலிருந்த நகலைத் தேடி எடுத்து, அதிலிருந்த பெயர்களைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்துப் பார்த்தாராம். எல்லாம் ஒத்துப்போனது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அப்பத்தாவுக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன்.

அதே காலையில் 221(ஜி) என்று போட்ட தாளோடு வெளியே வந்தவர்களையும் பார்த்தேன். அது முடிவான மறுப்பு இல்லை, குறையும் காகிதத்தைக் கொடுத்தால் கோப்பு மறுபடி நகரும். ஆனால் ஊருக்கும் மும்பைக்கும் அலைய நேர்ந்தால் செலவும் மனக்கஷ்டமும் யாருக்கு?

பாஸ்போர்ட் விசாவோடு வந்ததும் பயணத்துக்கு முன் இன்னொரு கட்டணம் 235 டாலர் இணையத்தில் கட்ட வேண்டும், கிரீன் கார்டு அச்சடிப்பதற்கு. எங்களுக்குக் கல்யாணமாகி இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை என்பதால் நிபந்தனையோடு கொடுக்கும் சிஆர்-1 வகை, கார்டு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டும், சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கு ஆதாரம் மறுபடியும் கேட்பார்கள். அதனால் மூலச் சான்றிதழ் எல்லாவற்றையும் கைப்பெட்டியில் எடுத்துப் போகிறோம், சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணச் சான்றிதழுக்கு இன்னொரு சான்றிட்ட நகலுக்கும் மனு போட்டாயிற்று, அது வந்ததும் மாமனார் வாங்கி வைப்பார்.