ஸ்க்ரிவனர்: முதல் நாவலை எழுதுபவருக்கு ஒரு கணக்கப்பிள்ளை

ஸ்க்ரிவனர் என்ற எழுத்து மென்பொருளை அறிமுகப்படுத்துபவர்கள் வழக்கமாக அதன் கார்க்போர்டிலிருந்துதான் தொடங்குவார்கள். காட்சிகளைச் சிறு அட்டைகளாகப் பலகையில் குத்தி வைத்து வேண்டியபடி இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பது பார்த்தவுடன் பிடித்துப்போகிற வசதி. ஆனால் முதல் நாவலை எப்படியாவது எழுதி முடித்துவிட வேண்டும் என்று நினைக்கும் ஒருவருக்கு அதைவிட அதிகம் பயன்படுவது, மெனுவுக்குள் சற்று மறைந்து கிடக்கும் ‘புராஜெக்ட் டார்கெட்ஸ்’ என்ற சிறிய பலகம் என்பது என் கருத்து. இலக்கு வைப்பதற்கும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்ப்பதற்கும் இந்த மென்பொருள் என்ன தருகிறது, தமிழில் எழுதுபவருக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவிலேயே இந்த மதிப்புரை நிற்கும்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த ‘லிட்ரேச்சர் அண்ட் லாட்டே’ நிறுவனம் இதை 2007இல் மேக் கணினிக்காக வெளியிட்டது. நிறுவனர் கீத் பிளவுன்ட் தாமே நாவல் எழுத விரும்பியவர். தமக்கு ஏற்ற கருவி கிடைக்காததால் அதைத் தாமே உருவாக்கினார். விண்டோஸ் பதிப்பு 2011இலும் ஐபோன், ஐபேட் பதிப்பு 2016இலும் வந்தன. இப்போது புழக்கத்தில் உள்ள மூன்றாம் பதிப்பு மேக்கில் 2017இலும் விண்டோஸில் 2021இலும் வெளியானது. வேர்டில் முழு நாவலும் ஒரே நீண்ட கோப்பாகக் கிடக்கும். இதிலோ ஒவ்வொரு காட்சியும் தனி ஆவணமாக, இடப்பக்கத்தில் உள்ள ‘பைண்டர்’ பட்டியலில் வரிசையாக நிற்கும். இலக்கு என்ற விஷயத்துக்கு இந்த அமைப்பு முக்கியமானது. ஏனெனில் நாவல் முழுவதற்கும் ஓர் இலக்கு, ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் இலக்கு, இன்று உட்காரும் பொழுதுக்கு ஓர் இலக்கு என்று மூன்று அடுக்குகளிலும் தனித்தனியே எண்களை வைத்துக்கொள்ள இதனால்தான் முடிகிறது.

அந்தச் சிறிய பலகத்தில் இரண்டு பட்டைகள் இருக்கின்றன. மேலே உள்ளது நாவலின் மொத்தச் சொற்களைக் காட்டும். கீழே உள்ளது அன்றைய எழுத்தைக் காட்டும். எழுத எழுத இரண்டும் சிவப்பிலிருந்து மெல்லப் பச்சைக்கு மாறும். இந்த அளவுக்குப் பல எழுத்து மென்பொருள்களும் செய்யக்கூடியதுதான். வேறுபாடு அதன் அமைப்புகளைத் திறக்கும்போது தெரிகிறது. நாவலை முடிக்க வேண்டிய தேதியையும் வாரத்தில் எந்தெந்தக் கிழமைகளில் எழுதுவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டால், ஒரு நாளைக்கு எத்தனை சொற்கள் எழுத வேண்டும் என்பதை அதுவே கணக்கிட்டுத் தரும். 45,000 சொற்களில் ஒரு நாவல், ஆறு மாத அவகாசம், வெள்ளி, சனி, ஞாயிறு மட்டுமே எழுத வாய்க்கும் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தாறு வாரங்களுக்கு 78 எழுதும் நாட்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 577 சொற்கள். அலுவலகமும் குடும்பமும் உள்ள ஒருவர் இந்த எண்ணைப் பார்க்கும்போதுதான் ‘நாவல் எழுத வேண்டும்’ என்ற பெரிய ஆசை, ஒரு சனிக்கிழமைக் காலையில் செய்து முடிக்கக்கூடிய வேலையாக மாறுகிறது. நள்ளிரவைத் தாண்டி எழுதும் பழக்கமுள்ளவர்கள், நாள் கணக்கு எந்த நேரத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதையும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். சிறிய ஏற்பாடுதான், ஆனால் எழுதுகிறவர் ஒருவர் யோசித்துச் செய்தது என்பது இத்தகைய இடங்களில் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் முதல் மாதம் ஒன்றுமே எழுதாமல் போய்விட்டது என்றால், எஞ்சிய 66 நாட்களுக்கும் நாளொன்றுக்கு 682 சொற்கள் என்று பலகம் காட்டும். தவணை தவறினால் அடுத்த தவணையோடு சேர்த்துக் கட்டச் சொல்லும் சீட்டுக்காரரைப் போல, தவறவிட்ட நாட்களை வரும் நாட்களின் தலையில் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். சிலருக்கு இந்த நெருக்கடி நல்லது. வேறு சிலருக்கோ எட்ட முடியாத எண்ணைப் பார்த்ததும் கோப்பைத் திறக்கவே மனம் வராமல் போகும். இரண்டாம் வகையினருக்கு என் பரிந்துரை, முடிக்கும் தேதியை எடுத்துவிட்டு அன்றைய இலக்கை மட்டும் கையால் ஒரு சிறிய எண்ணாக, முந்நூறோ நானூறோ, குறித்து வைப்பது. மென்பொருள் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் தேதி குறிக்கும் வசதியைப் பார்த்ததுமே எல்லோருக்கும் அதை நிரப்பத் தோன்றும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

சொல் எண்ணிக்கையால் எழுத்தை அளப்பது கலையைக் கொச்சைப்படுத்துவதாகச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலோப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, அதிகாலையில் கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதியதைத் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். அவர் எழுதிய நாவல்கள் 47. எண்ணிக்கை நல்ல நாவலைத் தராது என்பது உண்மைதான். ஆனால் முதல் வரைவு என்ற ஒன்று கையில் இல்லாமல் நல்லது கெட்டது பேச வழியும் இல்லை.

தமிழில் எழுதுபவர் கவனமாக இருக்க வேண்டிய இடம் அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான். எழுத்துப் பயிற்சி பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் 1,667 என்ற நாளிலக்கு, 1999இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டியும் நண்பர்களுமாக 21 பேர் தொடங்கிய நானோரைமோ நாவல் மாதத்திலிருந்து வந்தது. ஒரே மாதத்தில் 50,000 சொற்கள் என்பது அதன் விதி. முப்பதால் வகுத்தால் கிடைப்பது அந்த எண். அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. எண் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஆங்கிலச் சொற்களின் கணக்கு. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி நிற்கும் தமிழ்ச் சொல் ஒன்றில் ஆங்கிலச் சொற்கள் பலவற்றின் சுமை ஏறியிருக்கக்கூடும் என்பதால், அதே காட்சி தமிழில் கணிசமாகக் குறைந்த எண்ணிக்கையில் முடிந்துவிடும். சொற்களைச் சேர்த்து எழுதுகிறவருக்கும் பிரித்து எழுதுகிறவருக்கும் இடையிலேயே எண் மாறும். ஸ்க்ரிவனர் இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணுகிறது. ஆகவே உங்களுக்குப் பிடித்த, நடுத்தர அளவுள்ள ஒரு தமிழ் நாவலை எடுத்து, அதன் இரண்டு மூன்று பக்கங்களை உங்கள் வழக்கப்படி தட்டச்சு செய்து, பக்கத்துக்கு எத்தனை சொற்கள் வருகின்றன என்று பார்த்து, அதை அந்த நாவலின் மொத்தப் பக்க எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இரவல் எண்ணைவிட அப்படிக் கிடைப்பது நம்பத்தகுந்த இலக்காக இருக்கும்.

முதல் வரைவு முடிந்த பிறகு இந்தப் பலகத்தின் மதிப்பு சட்டென்று இறங்கிவிடுகிறது. திருத்தும் காலத்தில் ஒரு நல்ல நாள் என்பது எண்ணூறு சொற்களை வெட்டிய நாளாகவும் இருக்கலாம். வெட்டியதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எண்ணைச் சுழியத்துக்குக் கீழே இறக்கிக் காட்ட ஓர் அமைப்பு உண்டு. ஆனால் கழித்தல் குறியோடு நிற்கும் எண்ணைப் பார்த்து உற்சாகம் கொள்ளும் எழுத்தாளர் அரிது. இந்தக் கட்டத்தில் முன்னேற்றத்தை அளக்க ஸ்க்ரிவனரின் வேறு இரண்டு வசதிகளை நாட வேண்டும்; புதிதாக எழுதுபவர்களில் பலர் அவற்றை எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஒன்று, ஒவ்வொரு காட்சிக்கும் வைக்கக்கூடிய ‘ஸ்டேட்டஸ்’. முதல் வரைவு, திருத்திய வரைவு, இறுதி வரைவு என்ற வகையில் சில நிலைகள் ஆயத்தமாகவே இருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டு நமக்கு வேண்டியவற்றைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். ‘உரையாடல் தேறவில்லை’, ‘காலக்குழப்பம் உண்டு’, ‘சத்தமாக வாசித்தாயிற்று’ என்பன போன்ற நிலைகள் எந்த எண்ணையும்விட நாவலின் உடல்நலத்தைத் துல்லியமாகச் சொல்லும். ‘அவுட்லைனர்’ என்ற பார்வைக்கு மாறினால் நாவலின் எல்லாக் காட்சிகளும் அவற்றின் நிலையோடு அட்டவணையாக எதிரே நிற்கும். வாரத்துக்கு மூன்று காட்சிகளை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகர்த்துவது என்று இலக்கு வைத்துக்கொண்டால், திருத்தம் முடிவில்லாத புகைமூட்டமாகத் தோன்றாது. மாத நாவல்களின் வேகத்தில் எழுதப் பழகியவர்களுக்கு இது மிகையாகப் படலாம். ஆனால் ஒரே நாவலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்களுக்கு இதைப் போன்ற துணை வேறில்லை.

மற்றொன்று ஸ்னாப்ஷாட். ஒரு காட்சியைத் திருத்தத் தொடங்கும் முன் அதன் அப்போதைய வடிவத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால், எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் பழைய வடிவம் தேதியோடு அங்கேயே இருக்கும். வேண்டுமானால் அதற்கே திரும்பலாம், புதியதோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். ‘நாவல் இறுதி’, ‘நாவல் இறுதி புதியது’, ‘நாவல் உண்மையான இறுதி’ என்று கோப்புகள் பெருகுவதை இது தடுக்கிறது. அதைவிட முக்கியமாக, வெட்டும் கைக்குத் துணிச்சல் தருகிறது. ஆறு மாதங்களுக்கு முன் எழுதிய பத்தியையும் இன்றையதையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது கிடைக்கும் தெளிவு, வளரும் எழுத்தாளருக்குத் தன் முன்னேற்றத்தைப் பற்றிக் கிடைக்கக்கூடிய நேர்மையான சான்று.

எந்த நாளில் எத்தனை சொற்கள் எழுதினோம் என்பதை மாதவாரியாகச் சேமித்து வைக்கும் ‘ரைட்டிங் ஹிஸ்டரி’ என்ற பகுதியும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, எந்தக் கிழமைகளில் எழுத்து ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதற்கு அது போதும். தினமும் பார்ப்பது எடை குறைக்க நினைப்பவர் மணிக்கொரு முறை எடை பார்ப்பதற்குச் சமம்.

குறைகளும் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு பதிப்பு இல்லை என்பது நம் ஊரில் சிறிய குறை அல்ல. பேருந்திலும் மின்ரயிலிலும் கைப்பேசியில் எழுதிப் பழகியவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஆண்ட்ராய்டுதான். ஐபோன் வைத்திருப்பவர்களும் கணினியோடு கோப்பை ஒத்திசைக்க டிராப்பாக்ஸ் என்ற இணையச் சேமிப்பகத்தை நாட வேண்டும். மெனுக்கள் தமிழில் இல்லை. தமிழ் எழுத்துகளை உள்ளிடுவதில் தடையேதும் இல்லை. மேக் கணினியிலேயே அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் இருக்கின்றன, விண்டோஸில் யூனிகோடில் எழுதும் எந்தத் தட்டச்சுக் கருவியும் போதும். முடித்த நாவலை வேர்டு, பிடிஎஃப், மின்னூல் என வெவ்வேறு வடிவங்களில் வெளியே எடுக்கும் ‘கம்பைல்’ பகுதிதான் புதியவர்களைத் திணறடிக்கும். அத்தனை தெரிவுகளும் ஒரு பதிப்பகத்துக்கு வேண்டுமானால் தேவைப்படலாம். நண்பருக்குப் படிக்க அனுப்ப நினைப்பவருக்குச் சுமை. அவர்கள் வேர்டு கோப்பாக எடுத்துக்கொண்டு மேல் ஒப்பனையை அங்கே செய்துகொள்வது சுருக்கமான வழி.

சிறுகதை மட்டும் எழுதுபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்துப் பக்கக் கதைக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் கூகுள் டாக்ஸும் தாராளமாகப் போதும். காசு செலவழிக்காமல் இதே வகை அமைப்பைப் பழகிப் பார்க்க விரும்பும் விண்டோஸ்காரர்களுக்கு, ஆஸ்திரேலிய எழுத்தாளர் சைமன் ஹெய்ன்ஸ் உருவாக்கிய ஒய்ரைட்டர் இருக்கிறது. தோற்றத்தில் சற்றுப் பழையது, வேலையில் குறை சொல்ல முடியாது.

கணினிப் பதிப்பின் விலை ஏறத்தாழ 60 டாலர். மாதச் சந்தா கிடையாது, ஒருமுறை கட்டினால் போதும். மேக்குக்கும் விண்டோஸுக்கும் உரிமம் தனித்தனி. ஐபோன் பதிப்புக்கும் தனியே கட்ட வேண்டும். கணினிப் பதிப்பைக் காசு கட்டும் முன் முப்பது நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம். இந்த முப்பது நாள் நாட்காட்டியின் நாட்கள் அல்ல. மென்பொருளைத் திறக்கும் நாட்கள் மட்டுமே கணக்கில் சேரும். வாரத்துக்கு இரண்டு நாள் எழுதுகிறவருக்கு அது பதினைந்து வாரங்கள் வரும். நாவலின் முதல் ஐந்தாறு காட்சிகளைத் தாளிலாவது குறித்து வைத்துக்கொண்டு, நிறுவும் நாளிலேயே இலக்குப் பலகத்தை நிரப்பிவிட்டு எழுதத் தொடங்கினால், காசு கட்டலாமா வேண்டாமா என்பதை அந்தப் பதினைந்து வாரங்களுக்குள் உங்கள் சொந்தக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.